கூழாங்கல் கதையும் டேவன்போர்ட் குழந்தைகளும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். (கூடப் படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் கமெண்டில் போடாதீர்கள்.) பள்ளியில் அவனுக்குத் திக்குவாய். இப்போதும் திக்குகிறது, ஆனால் கூச்சம் இல்லாமல் பேசுகிறான். அவன் மகனுக்கு 4 வயது. அவனுக்கும் திக்க ஆரம்பித்திருக்கிறதாம். பாட்டி நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார். மாமாவோ, பையன் பயந்த சுபாவம், தைரியம் வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்கிறார். "நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று கேட்டவன், சிரித்துக்கொண்டே, "கூழாங்கல் மட்டும் வேண்டாம் சார்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாம் வகுப்பில் கிரேக்க வரலாறு நடத்தும்போது டெமாஸ்தனிஸ் கதை சொல்வேன், உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பேச்சுக் குறையை வெல்ல வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகி, ஏதென்ஸின் பெரிய பேச்சாளர் ஆனவர். புளூட்டார்க் எழுதி வைத்த கதை. அந்த வருடம் அதைச் சொல்லிவிட்டு, "முயற்சி இருந்தால் முடியாதது இல்லை" என்று அவனைப் பார்த்தேன். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது. மறுநாளிலிருந்து வருகைப் பதிவு எடுக்கும்போது அவன் "உள்ளேன் ஐயா" சொல்வதை விட்டுவிட்டான். கையை மட்டும் தூக்குவான்.

அவனுக்குப் பதில் சொல்வதற்காகப் படிக்க உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஓடிவிட்டது. வரலாற்று வாத்தியார் எதையும் முதலிலிருந்துதானே தொடங்குவான்!

நெடுங்காலம் பழி நாக்கின் மேல்தான் இருந்தது. 1841ல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், திக்கலைத் தீர்க்க நாக்கின் அடிப்பகுதியில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலம் அது. வேறு நாட்டு மருத்துவர்களும் அவரைப் பார்த்துக் கத்தியைத் தூக்கினார்கள். திக்கல் போகவில்லை.

அதன்பின் பழி மனத்துக்கு மாறியது. ஃபிராய்டு 1895ல் புரூயருடன் சேர்ந்து எழுதிய நூலில், திக்கிப் பேசிய ஒரு பெண்ணின் கதை ஹிஸ்டீரியா என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறது. அவர் வழிவந்தவர்களில் சிலர், குழந்தைப் பருவத்தில் அடக்கி வைத்த ஆசையும் கோபமும்தான் திக்கலாக வெளிவருகின்றன என்றார்கள். நம் வீட்டு மாமா சொல்லும் "பயந்த சுபாவம்" என்பதன் படித்த வடிவம் இது.

இந்த இடத்தில்தான் வெண்டல் ஜான்சன் வருகிறார். 1906ல் பிறந்த அமெரிக்கர், கடுமையாகத் திக்கியவர். சிறுவயதில் ஒரு ஆசிரியர் இவர் பெற்றோரிடம், பையன் திக்க ஆரம்பிக்கிறான் என்று சொல்லப்போக, அதன்பிறகுதான் பேச்சைப் பற்றிய கவலை அவரைப் பிடித்துக்கொண்டதாம். (வாத்தியார்கள் எந்த நாட்டிலும் ஒன்றுதான் போல.) தன் நோய்க்கு மருந்து தேடித்தான் ஐயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அப்போது, இடது கைப் பழக்கத்தை மாற்றுவதால் மூளை குழம்பித் திக்கல் வருகிறது என்ற கொள்கை செல்வாக்காக இருந்தது. ஜான்சன் வலது கையை அடக்கி இடது கையால் வேலை செய்து பார்த்தார். பயன் இல்லை. கடைசியில் தன் அனுபவத்திலிருந்தே ஒரு முடிவுக்கு வந்தார். எல்லாக் குழந்தைகளும் பேசப் பழகும்போது தடுமாறும். அதைப் பெரியவர்கள் "திக்கல்" என்று பெயரிட்டுத் திருத்தப் போவதால்தான் அது உண்மையான திக்கலாகிறது என்றார்.

அதைச் சோதிக்க வேண்டாமா? 1939 ஜனவரியில் மேரி டியூடர் என்ற தன் மாணவியை டேவன்போர்ட் நகரில் உள்ள அனாதை இல்லத்துக்கு அனுப்பினார். உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இல்லம் அது. 22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த 6 பேரிடம், உனக்குத் திக்கல் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச முடியும் என்றால் மட்டும் வாயைத் திற என்று மே மாதம் வரை திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இல்லத்துப் பணியாளர்களிடமும் இந்தப் பிள்ளைகளைக் கவனித்துத் திருத்தச் சொன்னார்கள். ஆய்வு என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, இல்லத்தாருக்கும் தெரியாது. சண்டை போட ஒரு தாய், ஒரு பாட்டி இல்லாத குழந்தைகள்.

என்ன நடந்தது தெரியுமா? ஜான்சன் எதிர்பார்த்த திக்குவாய் உண்டாகவில்லை. ஆனால் பிள்ளைகள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில். வகுப்பில் வாய் திறக்க மறுத்தார்கள், சிலருக்குப் படிப்பும் சரிந்தது. டியூடர் மனம் கேட்காமல் பிறகு சில தடவை திரும்பிப் போய், உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். சொன்னது சொன்னதுதான், திரும்ப எடுக்க முடியவில்லை.

இதில் வரலாற்றின் குரூரம் ஒன்று உண்டு. ஆய்வேடு நூலக அலமாரியில் தூங்கியது. ஜான்சனின் கொள்கையோ உலகம் சுற்றியது. 1965ல் அவர் இறந்த பிறகும் பல ஆண்டுகள், பிள்ளை திக்கினால் காரணம் பெற்றோர்தான், முக்கியமாகத் தாய்தான் என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருடைய சொந்த ஆய்வே அதற்கு எதிராக இருந்தது! 2001ல் ஒரு செய்தித்தாள் இதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. அப்போது முதியவர்களாகியிருந்த அந்தப் பிள்ளைகளில் சிலரும், இறந்துபோன சிலருடைய வாரிசுகளும் வழக்குப் போட்டார்கள். 2007ல் ஐயோவா மாநிலம் 9,25,000 டாலர் தர ஒப்புக்கொண்டது.

அதே 1939 செப்டம்பரில்தான் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வானொலியில் போர்ச் செய்தியைப் பேசினார். பக்கத்தில் இருந்து உதவிய லயனல் லோக் டாக்டர் பட்டம் பெற்றவர் இல்லை. சினிமாவாக வந்ததால் அந்தக் கதை உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன்.

அந்தப் படம் வந்த 2010ல்தான், பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்திலிருந்து தொடங்கிய ஆய்வில், திக்கலோடு தொடர்புள்ள சில மரபணு மாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள். எல்லாருடைய திக்கலுக்கும் அவை விடையல்ல. ஆனால் குடும்பத்தில் வருவது உண்மை என்பது உறுதியானது. இன்றைக்கு நிபுணர்கள் சொல்வது: சுமார் 100 குழந்தைகளில் 5 பேர் ஏதோ ஒரு காலத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் தொடங்கும். முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவோ பயிற்சியாலோ சரியாகிவிடும். பெரியவர்களில் 100க்கு ஒருவர்.

சுபாவம்? திக்கும் பெரியவர்கள் பலருக்கு நாலு பேர் முன்னால் பேசப் பயம் இருப்பது நிஜம். ஆனால் திக்கத் தொடங்கும் சின்னக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பயந்தவர்கள் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. கேலியும் திருத்தலும் சேரச் சேரத்தான் பயம் வளர்கிறது. மாமா வண்டியை மாட்டுக்கு முன்னால் பூட்டிவிட்டார்.

இதையெல்லாம் போன வாரம் அவனிடம் சொன்னேன். வசம்பு வேண்டாம், பையன் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள், பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒருவரை இப்போதே பாருங்கள் என்றேன். கூழாங்கல் கதைக்காக மன்னிப்பும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "அது பரவால்ல சார். அதுக்கப்புறம் நீங்க என்னைப் பாடம் வாசிக்கச் சொல்லவே இல்ல. என் பெஞ்சு வந்தா அடுத்த பையன்கிட்டப் போயிடுவீங்க. அதுதான் சார்."

இரக்கப்பட்டுத்தான் விட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.