பிச்சாவரத்தில் பியர் கிரில்ஸ்

காட்டில் தனியாக இறங்கி உயிர் பிழைத்துக் காட்டும் மனிதர்களை நம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது டிஸ்கவரி சேனல். 2006இல் தொடங்கிய ‘மேன் வெர்சஸ் வைல்ட்’ தமிழ்க் குரலோடு ஓடியபோது, பியர் கிரில்ஸ் புழுவை மெல்லுவதைச் சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. 2019 ஆகஸ்டில் ஒளிபரப்பான நிகழ்ச்சியில் பிரதமர் மோடி ஜிம் கார்பெட் காட்டிலும், 2020 மார்ச்சில் ரஜினிகாந்த் பந்திப்பூரிலும் அவரோடு நடந்தார்கள். அதன்பிறகு அவரைத் தெரியாதவர் குறைவு. கிரில்ஸ் பெரியவரா, கனடாவின் லெஸ் ஸ்ட்ரவுட் பெரியவரா, பிரிட்டனின் ரே மியர்ஸ் பெரியவரா என்ற வாதம் வழக்கமாக ‘யார் நிஜம், யார் நடிப்பு’ என்பதோடு முடிந்துபோகும். அந்த வாதத்தில் எனக்கு அக்கறை குறைவு. இவர்களின் முறைகள் எங்கிருந்து வந்தன, கடலூர் மாவட்டத்தின் ஒரு சதுப்புக் காட்டில் இறக்கிவிட்டால் அவை எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்பதுதான் பயனுள்ள ஒப்பீடு. அப்படிப் பார்த்தால், காட்டில் பிழைக்கும் அறிவு ஓர் ஆளின் துணிச்சலைவிட, ஓர் இடத்தோடு ஒரு கூட்டத்தாருக்கு இருக்கும் நெடுநாள் பழக்கத்தையே நம்பியிருக்கிறது என்று தெரிகிறது. அந்தப் பழக்கத்துக்கு இடைஞ்சல் வந்தபோதெல்லாம், வந்தது பெரும்பாலும் அலுவலகங்களிலிருந்துதான்.

தொலைக்காட்சியின் பிழைப்பு வித்தைக்கு ஒரு வம்சாவளி உண்டு. அது ராணுவத்தில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகள் பாலைவனத்திலும் மழைக்காட்டிலும் நடுக்கடலிலும் விழுந்தார்கள். பயிற்சி கொடுத்த ஒரு விமானியை இழப்பது படைக்குப் பெரும் நஷ்டம் என்பதால், அவர்கள் சில நாள் தாக்குப்பிடித்துத் திரும்பி வரக் கையேடுகள் எழுதப்பட்டன. பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படையில் பயிற்சி கொடுத்த ஜான் வைஸ்மேன் 1986இல் வெளியிட்ட கையேடு அந்த மரபைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது. கிரில்ஸும் அதே படையின் துணைப் பிரிவில் இருந்தவர். காற்றில்லாமல் மூன்று நிமிடம், தண்ணீரில்லாமல் மூன்று நாள், உணவில்லாமல் மூன்று வாரம் என்ற பிரபலமான கணக்கு இந்த மரபுக்காரர்கள் எல்லாரும் சொல்வது. மீட்பு வரும், அதுவரை தாங்கு. வராவிட்டால் வெளியே போக வழி தேடு என்பதே அதன் உள்நோக்கம். கிரில்ஸ் அதை ஓட்டமும் குதிப்பும் ஆக்கினார். படப்பிடிப்பின் சில இரவுகளை அவர் விடுதியில் கழித்தது 2007இல் வெளிவந்து, நிகழ்ச்சிக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை வாசகம் சேர்க்கப்பட்டது. ஸ்ட்ரவுட் நேர் எதிர். ‘சர்வைவர்மேன்’ நிகழ்ச்சியில் படக்குழு இல்லை. ஏழு நாள் தனியாக இருந்து, கேமராவை நட்டுவைத்து, அதன் முன்னால் நடந்து, திரும்பிவந்து அதை எடுத்துக்கொண்டு போவார். பசியும் சலிப்பும் திரையில் தெரியும். மியர்ஸ் இந்த இருவரிலிருந்தும் விலகியவர். அவர் போகிற இடத்தில் ஏற்கெனவே வாழ்கிறவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்வார். மூவரில் எனக்கு நம்பகமானவராகத் தெரிபவர் அவர்தான். பரபரப்பு குறைவு என்பதாலோ என்னவோ, நம் ஊரில் அவரை அறிந்தவர்கள் சிலரே.

இப்போது இந்த மூவரையும் பிச்சாவரத்தில் இறக்கிவிடுவோம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில், சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கும் அலையாத்திக் காடு அது. ‘இதயக்கனி’யில் எம்.ஜி.ஆர். படகில் போனது இங்கேதான். வழி தவறினால் ஓடும் நீரைப் பின்தொடர், அது மனிதர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது கிரில்ஸ் மரபின் முதல் பாடம். இங்கே அந்தப் பாடம் செல்லாது. வாய்க்கால்களில் நீர் ஒரு நாளைக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. காலையில் கிழக்கே ஓடிய நீர் மதியம் மேற்கே ஓடும். பின்தொடர்கிறவர் காட்டையே சுற்றிச் சுற்றி வருவார். அடுத்தது குடிநீர். சுற்றிலும் தண்ணீர்தான், குடிக்கத்தான் ஆகாது. இங்குள்ள மரங்களுக்கே உப்போடு மல்லுக்கட்டுதான் வாழ்க்கை: சுரபுன்னை வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டிவிடுகிறது, வெண்கண்டல் உள்ளே விட்டுப் பிறகு இலை வழியாக வெளியேற்றுகிறது, இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். நல்ல தண்ணீர் வேண்டுமானால் காட்டுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மணல்மேட்டுக்குப் போக வேண்டும். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். சில அடி தோண்டினால் ஊற்று. ஆசைப்பட்டு இன்னும் ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். ஆழத் தோண்டாமல் நிறுத்தத் தெரிவதுதான் இங்கே வித்தை. அதைக் கையேடு படித்துக் கற்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையேட்டின் வேகம் அதற்கு உதவாது.

மூன்றாவது ஆபத்து ஒரு மரம். கூடாரம் போட அகப்பட்ட கிளையைக் கத்தியால் வெட்டுவது தொலைக்காட்சி வழக்கம். வெட்டுப்பட்ட கிளை தில்லையாக இருந்தால் அதிலிருந்து வடியும் பால் தோலைக் கொப்புளிக்க வைக்கும், கண்ணில் பட்டால் சில காலம் பார்வையே போய்விடும். சிதம்பரம் தில்லை என்று பெயர் பெற்றது இந்த மரத்தால்தான். நடராசர் கோயிலின் தலமரமும் அதுவே. கோயில் எழுந்த நிலம் ஒரு காலத்தில் தில்லைவனம் என்கிறது தலபுராணம். இன்று அந்த மரத்தைக் காட்டில் பார்க்கப் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். விடியுமுன் வழுக்கும் மரத்தில் ஏறி, வண்டு தொடாத பூவைப் பறிப்பதற்காகப் புலியின் காலும் கண்ணும் வேண்டி வாங்கிய வியாக்கிரபாதரின் கதையும் இந்த வனத்தினுடையது. புராணத்தைச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தில்லை மரத்தோடு ஆயுளைக் கழிக்க வெறும் மனித உடம்பு போதாது என்று அதைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த உடம்பை வைத்துக்கொண்டே அங்கு வாழ்கிறவர்கள் இருளர். கிள்ளைப் பகுதியில் எம்.ஜி.ஆர். நகர் போன்ற குடியிருப்புகளில் இருக்கும் இவர்களின் மீன்பிடி முறைக்கு வலை வேண்டாம். நீர் வற்றும் நேரம் பார்த்து ஆணும் பெண்ணும் கூட்டமாக வாய்க்காலில் இறங்குகிறார்கள். உடம்பைத் தாழ்த்தி, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்கிறார்கள். கையில் இறால் தட்டுப்பட்டதும் பிடித்து, பல்லில் கவ்வியிருக்கும் ஓலைப் பறிக்குள் போடுகிறார்கள். இரண்டு கையும் தேடுவதற்கு வேண்டும் என்பதால் பறி வாயில். சிப்பி கிழிக்கும், கெளுத்தி முள் குத்தும். எப்போது இறங்குவது, எப்போது ஏறுவது என்பதைப் பிறை சொல்லும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் கூடுதல். உள்நாட்டு இருளருக்கு இதே போல நெல்வயல் பழக்கம். அறுவடைக்குப் பின் வரப்பில் எலி வளையைக் கண்டு, மற்ற வாய்களை மண்ணால் அடைத்துவிட்டு, வைக்கோல் திணித்த மண்பானையின் ஓட்டை வழியாக ஊதி உள்ளே புகை ஏற்றுவார்கள். ஊதுகிறவர் உதடு சுடும், நெஞ்சு புகையும். கிடைப்பது எலி மட்டுமல்ல, எலி சேர்த்துவைத்த நெல்லும்தான். தொலைக்காட்சி வித்தகர்களுடைய முறையிலிருந்து இது இரண்டு விதத்தில் வேறு. ஒன்று, தனி ஆள் இல்லை: துழாவுவதும் அடைப்பதும் ஊதுவதும் சேர்ந்து செய்கிற வேலை, பெண்களின் பங்கு பாதி. இன்னொன்று, நாளைக்கும் அதே வாய்க்காலில்தான் இறங்க வேண்டும். ஏழாம் நாள் ஹெலிகாப்டர் வருகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை.

‘வழி தெரியாத அந்நியனுக்கான பாடத்தை, ஊர்க்காரன் பழக்கத்தோடு ஒப்பிடுவது நியாயமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விமான விபத்தில் தப்பி முன்பின் தெரியாத காட்டில் விழுந்தவருக்கு வைஸ்மேனின் புத்தகம் உதவும், எலி வளை உதவாது. ஆனால் எந்தக் காட்டிலும் செல்லும் என்று சொல்லித்தான் அந்தப் பாடம் விற்கப்படுகிறது. பிச்சாவரத்தின் ஏற்றவற்றத்தில் அது நிற்கவில்லை. இதன் மறுபக்கமாக இன்னொரு வாதம் வரும்: இருளரின் அறிவு அவர்கள் ஊரோடு சரி, ஊர் மாறினால் செல்லாது. இதற்குப் பதில் ஃபுளோரிடாவில் இருக்கிறது. அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி நாட்டு விலங்குகளைத் தின்று தீர்த்தன. 2016இல் அரசு நடத்திய வேட்டைப் போட்டியில் ஏறக்குறைய ஆயிரம் பேர் ஒரு மாதம் தேடி 106 பாம்புகளைப் பிடித்தார்கள். 2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அங்கே அழைத்துச் செல்லப்பட்டார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துணைக்கு இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள். அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. உள்ளூர் வேட்டைக்காரர்கள் சாலையோரம் வண்டியில் போய்த் தேட, இவர்கள் புதருக்குள் இறங்கித் தடமும் சட்டையும் எச்சமும் பார்த்துத் தேடினார்கள். அந்த நாடும் அந்தப் பாம்பும் இவர்களுக்குப் புதிது. கடல் கடந்து போயும் செல்லுபடியானது பார்க்கும் முறை. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது: வறுமையை வித்தை என்று புகழ்கிறாயா? எலியைத் தின்றவர்கள் விரும்பியா தின்றார்கள்? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வாயில் பறியைக் கவ்வுகிறவருக்குப் படகு இல்லை. வளையைத் தோண்டுகிறவருக்கு வயல் இல்லை. ஆகவே அந்தத் திறமையின் வரலாற்றை எழுதும்போது நிலத்தின் வரலாற்றையும் சட்டத்தின் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டும். பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்த இருளரின் தொழில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடும் 1976இல் வந்த தோல் ஏற்றுமதித் தடையோடும் நின்றது. பாம்புகளைக் காப்பாற்றிய சட்டம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பிடித்தவருக்கு மாற்று எதையும் அது வைக்கவில்லை. 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், கொல்லாமல் விஷம் எடுத்துப் பாம்பைத் திரும்ப விடும் வழியைக் கண்டது. இன்று நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்தின் பெரும்பகுதிக்கு மூலப்பொருள் அங்கிருந்துதான் போகிறது. பிச்சாவரத்திலும் இதே கதை. பல பத்தாண்டுகள் வனத்துறையே கூறு கூறாகப் பிரித்து மரம் வெட்டியது. வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, மண் தாழ்ந்து, தட்டுப் போலக் குழிந்து, கடல்நீர் தேங்கி உப்பேறியது. பிறகு எதுவும் முளைக்கவில்லை. காடு அழிந்ததற்கு விறகு பொறுக்கியவர்களும் மாடு மேய்த்தவர்களும் காரணம் என்று சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வு, வெட்டிய முறைதான் காரணம் என்று காட்டியது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஏற்றவற்ற நீரைத் திரும்ப ஓடவிட்டபோது காடு மீண்டது. அந்த வேலையில் இருளர் உள்ளிட்ட கிராமத்தாரும் பங்கெடுத்தார்கள். எலி வேட்டையைத் திரையில் காட்டிய ‘ஜெய் பீம்’ (2021) படத்துக்கு ஆதாரம், 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த ஒரு மரணம். இறந்தவர் படத்தில் வருவதுபோல இருளர் அல்லர், குறவர். ஆனாலும் கடலூர் மாவட்டத்தின் நிலமற்ற பழங்குடிகளுக்கு எது அதிக ஆபத்து, பாம்பா காவல் நிலையமா என்ற கேள்விக்கு அது போதுமான பதில்.

சாகச நிகழ்ச்சிகளில் விபத்து முதலில் வருகிறது, திறமை பிறகு. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை இந்த வரிசையைத் தலைகீழாகக் காட்டியது. கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் ஊர்கள் அடியோடு சிதைந்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த எம்.ஜி.ஆர். நகர் போன்ற குடியிருப்புகள் பெரும்பாலும் தப்பின. பரங்கிப்பேட்டை கடல்வாழ் உயிரியல் மையத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 கிராமங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு உயிரைக் காத்தது என்று 2005இல் எழுதினார்கள். மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை மறுபடி கணக்கிட்டு, கடலிலிருந்து தூரமும் நிலத்தின் உயரமுமே வித்தியாசத்தில் பெரும்பகுதியை விளக்கிவிடும் என்று மறுத்தார்கள். மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மரம் எவ்வளவு தடுத்தது என்பது இன்னும் அளக்க வேண்டிய விஷயம். ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொள்வது ஒன்று உண்டு: அன்று காலை பிழைப்பதும் சாவதும் வீடு எங்கே இருந்தது என்பதைப் பொறுத்துப் பெரிதும் முன்பே முடிவாகிவிட்டது. அந்த நேரத்தில் தீக்கல்லும் கத்தியும் எதற்கும் ஆகியிருக்காது.

பிச்சாவரத்துக்குச் சினிமாக்காரர்கள் புதியவர்கள் இல்லை; சாகச நிகழ்ச்சிக்காரர்களும் ஒருநாள் வரத்தான் போகிறார்கள். அப்படி வரும்போது தமிழக அரசும் வனத்துறையும் அனுமதிச் சீட்டில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம். வழிகாட்டும் இருளர் ஆணோ பெண்ணோ, நிகழ்ச்சியில் நிபுணர் என்றே பெயர் போடப்பட வேண்டும். நிபுணருக்குரிய சம்பளமும் தர வேண்டும். ஃபுளோரிடா மாநில அரசு இருவரைக் கூலி ஆட்களாக இல்லாமல் நிபுணர்களாக அழைத்துப் பணமும் கொடுத்தது. கிள்ளையில் அதைச் செய்ய யாருக்கும் தடை இல்லை.