மூன்றரைக் கட்டை: விசைப்பலகையின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

ஒரு குரலின் உயரத்தை நம்மாட்கள் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். 'ஒன்றரைக் கட்டை', 'நாலு கட்டை', 'அஞ்சு கட்டைக்குப் போனாலும் பிசிறு தட்டாது' என்றெல்லாம். இந்தக் கட்டை ஆர்மோனியப் பெட்டியின் கட்டை. வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண், கறுப்புக் கட்டைகளுக்கு அரை. மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஐரோப்பிய விசைப்பலகையில் கறுப்புக் கட்டை இல்லை என்பதுதான் காரணம். ஆர்மோனியத்தைத் தொடுவதே தீட்டு என்று நினைத்த வித்வான்களும் தங்கள் சாரீரத்தை இந்தப் பெட்டியின் கணக்கில்தான் அளந்துகொண்டார்கள். ஒரு கருவி நம் மொழிக்குள் புகுந்து, தன்னை மறைத்துக்கொண்டு, இயல்பானதாக ஆகிவிடுகிற விதம் இது. விசைப்பலகையைப் பற்றிப் பேச வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

இசைக்கருவிகளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை, யாழையும் குழலையும் கண்ணால் பாராமலே தேர்வுக்காக நெட்டுருப் போட்டவன். ஊரில் திருவிழா ஸ்பெஷல் நாடகங்களில் மேடை ஓரத்தில் கால் பெட்டியை மிதித்துக்கொண்டு பின்பாட்டுப் பாடுகிறவரைத்தான் முதலில் பார்த்தேன். ராஜபார்ட்டுக்கு மூச்சு வாங்கினால் இவர் குரல் ஏறிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெட்டியால் கமகம் முடியாது என்பது அவருக்கும் தெரியும். கமகத்தைத் தொண்டையில் போட்டுக்கொண்டு, விரலால் அதற்கு ஒரு தரை போட்டுக் கொடுத்தார்.

அந்தப் பெட்டியை 1940 மார்ச் முதல் தேதியிலிருந்து அகில இந்திய வானொலி தடை செய்தது. மூன்று பத்தாண்டுகளுக்குப் பிறகு 1971இல்தான் தடை தளர்த்தப்பட்டது, அதுவும் அரைகுறையாக. தடையைக் கேட்டவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. வானொலியின் தில்லி நிலையத்தில் மேலை இசைப் பிரிவில் இருந்த ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் அதற்கு எதிராக எழுதினார். ரவீந்திரநாத் தாகூர் 1940 தொடக்கத்தில் கல்கத்தா நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். காலனிய அதிகாரியும் தேசியக் கவியும் கைகோத்துக்கொள்கிற இடம் இது. 'இந்திய ஆன்மா' என்ற ஒன்றைக் கட்டமைக்க இருவருக்குமே ஒரு மற்றமை தேவைப்பட்டது. பாரிஸில் அலெக்ஸாந்தர் தெபான் 1840களில் காப்புரிமை பெற்று, பாதிரிமாரோடு கப்பலேறி வந்து, கல்கத்தாவில் கைப்பெட்டியாக உருமாறிய இந்தக் கருவி அதற்கு வசதியாகக் கிடைத்தது.

தடைக்காகச் சொல்லப்பட்ட இசைக் காரணம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கறாராகப் பார்த்தால் அது உண்மைதான். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் அல்ல. கீழே ரிஷபத்தையும் மேலே மத்திமத்தையும் தொட்டு அசைகிற அந்த அசைவுதான் காந்தாரம். ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் கிடைப்பது தோடி ஆகாது. விசைப்பலகை ஒலியைப் புள்ளிகளாக வெட்டுகிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருப்பதை அது இல்லை என்கிறது. ஆனால் உண்மையான ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு யாரை வெளியே தள்ளினார்கள் என்பதுதான் கேள்வி. நாடகக்காரர்கள், பஜனைக்காரர்கள், தெருவில் பாடுகிறவர்கள் எல்லாருடைய துணை அந்தப் பெட்டி. நாடக மேடையில் கிட்டப்பாவின் குரலுக்கு அணைகொடுத்ததும் அவருடைய அண்ணன் காசி அய்யரின் ஆர்மோனியம்தான்.

இதற்கும் முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் சுருதி பற்றிப் பெரிய விவாதம். கிளெமெண்ட்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியும் தேவல் என்பவரும் 22 சுருதிகளுக்காகத் தனி ஆர்மோனியம் ஒன்றையே உருவாக்கியிருந்தார்கள். கட்டைகளைக் கூட்டினால் இந்திய இசையைப் பிடித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அதே மாநாட்டுக்குத் தஞ்சாவூரிலிருந்து ஆபிரகாம் பண்டிதர் போனார். சித்த மருத்துவர், கிறிஸ்தவர், நாடார் சமூகத்தவர். 22 தவறு, சிலப்பதிகாரக் கணக்குப்படி ஸ்தாயியைச் சம இடைவெளிகளாகத்தான் பிரிக்க வேண்டும், சுருதிகள் 24 என்று வாதாடினார். அவருடைய மகள்கள் பாடிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. அவர் கணக்கு சரியா தப்பா என்பது இருக்கட்டும். சமப் பிரிவு என்கிற விஷயத்தை ஐரோப்பியக் களங்கமாகப் பார்க்காமல் தமிழ்ப் பிரதிக்குள்ளிருந்தே எடுத்துக் காட்டிய துணிச்சலைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். தேசிய சங்கீதச் சொல்லாடல் இதை இன்னும் செரித்துக்கொள்ளவில்லை.

கிளெமெண்ட்ஸின் தவறு முக்கியமானது. 12 போதவில்லை என்றால் 22, அதுவும் போதவில்லை என்றால் 53 என்று புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். அசைவு வராது. தேவை இன்னும் பல கட்டைகள் அல்ல, அசைகிற கட்டை. இதை மேற்கில் சிலர் அப்போதே புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மோரிஸ் மார்த்தனோ செல்லோ வாசிப்பவர். முதல் உலகப் போரில் கம்பியில்லாத் தந்திக்காரர். 1928இல் பாரிஸில் அவர் அரங்கேற்றிய மின்கருவியில் விரலில் மாட்டிய ஒரு வளையத்தைக் கம்பியோடு இழுத்தால் ஸ்வரம் வழுக்கிச் செல்லும். பின்னால் அவர் சேர்த்த விசைப்பலகையும் பக்கவாட்டில் ஆடும். வலதுகை ஸ்வரத்தைப் பார்த்துக்கொள்ள, ஒலியின் ஏற்ற இறக்கம் இடதுகையில்.

அடுத்தவர் ஹியூ லெ கெய்ன், கனடாக்காரர். ஒட்டாவாவில் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் இயற்பியலாளர். போர்க்காலத்தில் ரேடார் வேலை. 1945இல் சொந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு கருவியைச் செய்ய ஆரம்பித்தார், 1948இல் முதல் வடிவம் முடிந்தது. அதற்கு 'எலெக்ட்ரானிக் சாக்பட்' என்று ஒரு பழைய ஊதுகருவியின் பெயரை வைத்தார். கட்டையைக் கீழே அழுத்த அழுத்த ஒலி பெருகும். பக்கவாட்டில் தள்ளினால் சுருதி வளையும். இடதுகை விரல்கள் ஒலியின் நிறத்தை மாற்றும். மூன்று திசைகளிலும் கையின் அசைவை வாங்கிக்கொள்கிற ஒரு கட்டை. மூக் சின்தசைசருக்குப் பதினாறு வருடங்களுக்கு முன்னால்! ஆனால் அது சந்தைக்கு வரவேயில்லை. லெ கெய்ன் 1977இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு இறந்துபோனார்.

சந்தைக்கு வந்தது வேறு. 1964 வாக்கில் அமெரிக்காவின் இரண்டு கரைகளில் இரண்டு பேர். நியூயார்க் பக்கம் ராபர்ட் மூக், சான் ஃபிரான்சிஸ்கோவில் டான் புக்லா. பியானோக் கட்டைகளை வைத்தால் பழைய இசையே திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று சொல்லி புக்லா கறுப்பு வெள்ளையை ஒதுக்கினார். தொட்டால் உணர்கிற தகடுகளை வைத்தார். மூக்கிடமும் இசையமைப்பாளர் உஸ்ஸாசெவ்ஸ்கி இதே எச்சரிக்கையைச் சொன்னார். மூக் கட்டையை வைத்தார். 1968இல் வெண்டி கார்லோஸ் மூக்கில் பாக்கை வாசித்து வெளியிட்ட தட்டு அமோகமாக விற்றது. அப்புறம் 'சின்தசைசர்' என்றாலே கீபோர்டு என்றாகிவிட்டது. நம் ஊர் கல்யாணக் கச்சேரி வரைக்கும் அதுதான்.

இந்த வெற்றியைச் சட்டமாக்கியது 1983இல் வந்த மிடி. பல கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது மொழி. நல்ல காரியந்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மொழியின் இலக்கணம் என்ன? கட்டை கீழே போனது, கட்டை மேலே வந்தது. எந்தக் கட்டை: 0 முதல் 127 வரை ஓர் எண். எவ்வளவு வேகம்: அதற்கும் அதே 128 படிகள். கீழே போனதற்கும் மேலே வந்ததற்கும் நடுவில் விரல் என்ன செய்தது என்பதற்கு இந்த இலக்கணத்தில் கிட்டத்தட்ட இடமே இல்லை. சுருதியை வளைக்க ஒரு சக்கரம் உண்டு. ஆனால் அதைத் திருப்பினால் அந்தச் சேனலில் ஒலிக்கிற எல்லா ஸ்வரங்களும் சேர்ந்தே வளையும். ஒருத்தன் தலையாட்டினால் வரிசை முழுக்கத் தலையாட்ட வேண்டும். ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உடல்களைக் கட்டங்களில் நிறுத்தி எண்ணுவதைப் பற்றி ஃபூக்கோ எழுதியதைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மிடிக்காரர்கள் அதைப் படித்திருக்க நியாயமில்லை. வியாபார அவசரத்தில் விசைப்பலகையின் உலகப் பார்வையே பொது மொழியாகிவிட்டது.

இந்தச் சிறைக்குள்ளேயே கமகம் வாசித்தவர்களும் இருக்கிறார்கள். 'கீபோர்டு' சத்யநாராயணன் சாதாரண கீபோர்டில் சுருதி வளைக்கும் வசதியை வைத்தே கர்நாடகக் கச்சேரி செய்தார். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் வாசிக்கிற இசை என்பதால் சேனல் முழுக்க வளைவது அவருக்குத் தடையாக இல்லை. கருவியின் குறையை நம் இசையின் இயல்பால் வென்றதாக இதை வாசிக்கலாம்.

மேற்கில் இதற்கிடையில் லெ கெய்னின் வாரிசுகள் வந்துகொண்டிருந்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்து லிப்போல்ட் ஹாக்கன் செய்த கன்டினூவம் ஃபிங்கர்போர்டில் கட்டையே இல்லை. ஒரு சிவப்பு ரப்பர் துணிப் பரப்பு. அதன் அடியில் வில்சுருள்களில் தொங்கும் கம்பிகள், முனைகளில் காந்தங்கள். விரல் அமுக்குகிற இடமும் அழுத்தமும் காந்தத்தின் அசைவாகப் பதிவாகின்றன. ஏ.ஆர். ரஹ்மான் 2009இல் 'தில்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டில் இதை வாசித்தார். அந்தப் பாட்டின் கடைசியில் வழுக்கிச் செல்கிற ஒலி அதுதான். லண்டனில் ரோலண்ட் லாம்ப் 2013இல் கொண்டுவந்த சீபோர்டு மெத்தென்ற சிலிக்கான். ஆனால் கறுப்பு வெள்ளையின் மேடு பள்ளம் அதில் அப்படியே இருக்கிறது. கலகம் செய்கிறபோதும் பியானோவின் நிழலை விட முடியவில்லை. அந்த வகையில் ரோஜர் லின்னின் 2014ஆம் வருட லின்ஸ்ட்ருமென்ட்தான் எனக்குப் பிடிக்கிறது. வெறும் கட்டங்கள், தந்திக் கருவிபோல வரிசைகள், எங்கும் ஒரே மாதிரி. மூன்றரைக் கட்டை இல்லையே என்ற கேள்வியே அங்கே எழாது.

இந்தக் கருவிகளுக்காக மிடியையே கொஞ்சம் ஏமாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு தனிச் சேனலை ஒதுக்கிவிட்டால் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு வளையும். இந்தக் குறுக்கு வழி 2018 ஜனவரியில் எம்.பி.இ. என்ற பெயரில் அதிகாரபூர்வமானது. முப்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது, நடுவில் விரல் என்ன செய்தது என்று கேட்க.

ஆனால் கையில் இருக்கிற பலகை ஒலிக்காது. அது அசைவை மட்டும் சொல்லும். ஒலியை உண்டாக்குவது கணினிக்குள் இருக்கிற மென்பொருள். 1957இல் பெல் ஆய்வகத்தில் மாக்ஸ் மாத்யூஸ் ஐ.பி.எம். 704 கணினியை 17 வினாடி பாடவைத்தார். 1983இல் கார்ப்ளஸ், ஸ்ட்ராங் என்ற இருவர் ஒரு துளி இரைச்சலைச் சுழற்சியில் விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த எண்களைச் சராசரி எடுத்துக்கொண்டே போனால் மீட்டிய தந்தியின் ஒலி வருவதைக் கண்டுபிடித்தார்கள். தந்தி இல்லாமல் தந்தியின் நடத்தை மட்டும். இதற்கு எதிர்த்திசையில் போவது சாம்பிள் முறை: நிஜ வாசிப்பைப் பதிவுசெய்து துண்டு துண்டாக வெட்டிக் கட்டைகளில் அடுக்குவது.

எனக்குத் தெரிந்த நாதஸ்வரக்காரர் ஒருவரை இப்படிக் கூட்டிப்போனார்கள். ஒரு மதியம் முழுக்க ஒவ்வொரு ஸ்வரமாக, மெதுவாக, வேகமாக, அசைத்து, அசைக்காமல் ஊதச் சொன்னார்கள். அசைக்காமல் ஊதச் சொன்னதுதான் அவருக்குச் சிரிப்பாக வந்ததாம். ஒரு நாள் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் மூச்சு இப்போது எத்தனை கணினிகளில் விலைக்கு ஓடுகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் பெயர் அதில் கிடையாது. ஆர்மோனியத்தால் கமகம் முடியாது என்று அழுதவர்கள் யாரும் இதற்கு அழுததாக நான் கேள்விப்படவில்லை. கமகத்தைக் காப்பாற்றுவதும் கமகம் பிடிக்கிறவனைக் காப்பாற்றுவதும் வேறு வேறு என்பது 1940லேயே முடிவாகிவிட்ட விஷயமோ என்னவோ.

நண்பனின் அறையில் அவரை ஒருநாள் சீபோர்டு முன்னால் உட்கார வைத்தோம். முகாரியில் இரண்டு பிடி தடவிப் பார்த்தார். 'விரலு போவுது தம்பி, மூச்சு எங்க விடறது?' என்றார். அவருக்குத் தெரியாது, 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இல் அதற்கும் ஒரு துளை இருந்தது. வாயில் கவ்வி ஊதுகிற சின்னக் கருவியைச் செருகினால் மூச்சின் வலிமைக்குத் தக்கபடி ஒலி மாறும். யாரும் பெரிதாக வாங்கவில்லை. பிறகு வந்த கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்தத் துளையும் இல்லை.

விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்தப் பலகைகள் எதுவும் ஒரு நாடக ஆர்மோனியக்காரரின் எட்டுகிற தூரத்தில் இல்லை. பாதை கொஞ்சம் திறந்திருப்பது மென்பொருள் பக்கந்தான். மில்லர் பக்கெட் 1996இல் வெளியிட்ட பியூர் டேட்டா இலவசம். விலைக்கு விற்றுக்கொண்டிருந்த சர்ஜ் என்ற சின்தசைசரை 2018இல் அதை எழுதியவரே திறந்த மென்பொருளாக விட்டுவிட்டார், உலகெங்கும் பலர் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக வளைகிற வசதி அதில் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பின்பாட்டுக்காரரின் பேரன் அதைப் பழைய மடிக்கணினி ஒன்றில் போட்டு வைத்திருக்கிறான். அவனிடம் இருப்பது அழுத்தமெல்லாம் உணராத மலிவான கீபோர்டு. கட்டையை அழுத்திப் பதிவுசெய்துவிட்டு, திரையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மவுஸால் வளைவு வரைகிறான். தோடி காந்தாரத்துக்கு மட்டும் ஒரு ராத்திரி பிடித்தது என்றான். தாத்தாவின் பழைய கேசட்டை ஓடவிட்டு, அதைப் பார்த்து வரைந்தானாம்.