முதன்மை எண்களின் காவல்

அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தைப் பிறப்பிடமாகவும், வங்கி உள்ள ஊர்கள் அனைத்தையும் வதிவிடமாகவும் கொண்ட ஆர்.எஸ்.ஏ. என்னும் மறையீட்டு முறை தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது. வட இலங்கையில் எங்கள் காங்கேசன்துறைப் பக்கத்தில் மரண அறிவித்தல் எழுதும் முறையிலேயே தொடங்குகிறேன். பிறப்பிடமும் வதிவிடமும் வேறு வேறாகிப் போனவர்களுக்காக எழுதி எழுதிப் பழகிய கை இது. மூச்சு இன்னும் நிற்கவில்லை. ஆனால் நாள் குறித்தாகிவிட்டது. அமெரிக்காவின் தேசிய நியமங்கள் மற்றும் தொழினுட்ப நிறுவகம் 2024 நவம்பரில் வெளியிட்ட வரைவு, இன்று பரவலாக வழங்கும் 2048 பிற்று நீளச் சாவிகளை 2030க்குப் பின் கைவிடத் தொடங்கும்படியும், 2035க்குப் பின் இந்த முறையையே அனுமதிக்க வேண்டாம் என்றும் சொல்கிறது.

பிறந்தது 1977இல். அதற்கு முன் இரகசியம் பரிமாற விரும்பிய இருவர் ஒரு தடவையாவது நேரில் சந்தித்தோ, நம்பிக்கையான ஒருவரின் கையில் கொடுத்தனுப்பியோ ஒரே சாவியைப் பகிர்ந்திருக்க வேண்டும். அந்தத் தேவையைத் தாண்ட வழி உண்டு என்று ஆய்வாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் 1976இல் காட்டியிருந்தார்கள். அந்த வழியில் நடந்து, பூட்டை எல்லோரிடமும் கொடுத்துவிட்டுச் சாவியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளும் முறையை றிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் கண்டெடுக்க, அவர்களின் முதலெழுத்துக்களே அதற்குப் பெயராயின. பிரித்தானிய உளவுத்துறையில் வேலைசெய்த கிளிஃபர்ட் கொக்ஸ் 1973இலேயே இதைக் கண்டிருந்தார் என்பதும், இருபத்து நான்கு ஆண்டுகள் அது வெளியே சொல்லப்படவில்லை என்பதும் 1997இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

எளிமையே அதன் அழகு. பாடசாலைப் பிள்ளையின் கொப்பியில் எழுதிக் காட்டலாம். 5, 11 என்ற இரண்டு முதன்மை எண்களைப் பெருக்கினால் 55. அந்த 55ஐயும், கூடவே 3 என்ற எண்ணையும் ஊரறிய அறிவித்துவிடலாம். எனக்கு 7 என்ற எண்ணை மறைவாக அனுப்ப விரும்புபவர் ஏழின் மூன்றாம் வலுவான 343ஐ 55ஆல் வகுத்து, மீதி 13ஐ அனுப்புவார். வழியில் யார் பார்த்தாலும் 13தான் தெரியும். 55இன் காரணிகளை அறிந்த நான் அவற்றிலிருந்து 27 என்ற என் சொந்த எண்ணைக் கணித்து வைத்திருப்பேன். 13இன் 27ஆம் வலுவை 55ஆல் வகுத்தால், மீதியாக அதே 7 வந்து நிற்கும். 55ஐப் பிரிக்க எவராலும் முடியும். வங்கிகள் வைத்திருக்கும் எண்ணுக்கோ 617 இலக்கங்கள். பெருக்குவது எளிது, பிரிப்பது அரிது என்ற இந்த ஒன்றின் மேல்தான் பல பத்தாண்டுகளாக உலகத்தின் பணம் நின்றது.

எங்களிடம் அது பிந்தித்தான் வந்து சேர்ந்தது. 1990 ஜூனில் போரினால் காங்கேசன்துறை இடம்பெயர்ந்தது. சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, புகையிரதம் நின்றது, வீடுகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் இருந்தவர்களுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசு உண்டியல்காரரின் கையால் வந்தது, கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் மடிக்குள் வந்தது, பல வேளைகளில் கடிதம் மட்டுமே வந்தது. ஆளை நம்பித்தான் காசு நகர்ந்தது. நம்பிய ஆளுக்கு வழியில் என்ன நேரும் என்று யாருக்கும் தெரியாது. பின்னர் 2006இன் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வந்து, வங்கிகள் இணையத்துக்கு வந்து, ரொறன்ரோவில் இரவுவேலை முடித்த மகன் கைத்தொலைபேசியில் தட்டிய தொகை இங்கே தாயின் கணக்கில் விழத் தொடங்கியபோது, அந்த இருவருக்கும் நடுவில் பெயர் தெரியாமல் நின்று காவல் காத்தவற்றில் ஒன்று ஆர்.எஸ்.ஏ. கடையில் நுழைக்கும் அட்டையின் சிப் தான் போலியல்ல என்று நிரூபிக்கும் கையொப்பத்திலும், வங்கியின் இணையத்தளம் உண்மையில் அந்த வங்கியினுடையதுதான் என்று சான்று சொல்லும் பத்திரத்திலும் அது இருந்தது. 2015 ஜனவரியில் யாழ்தேவி புகையிரதம் மறுபடி காங்கேசன்துறை வந்ததற்கும், 2023 ஒக்ரோபரில் நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வந்ததற்கும் நாங்கள் கூடிநின்று மகிழ்ந்தோம். ஆர்.எஸ்.ஏ. வந்த நாளை யாரும் குறித்துவைக்கவில்லை. செய்த சேவையோ அவற்றுக்குக் குறைந்ததல்ல.

நோய் தெரிந்தது 1994இல். பிறந்த ஆண்டிலேயே ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையில் 129 இலக்க எண் ஒன்றைச் சவாலாக வெளியிட்டு, பிரிப்பவருக்கு 100 டொலர் என்று அறிவித்திருந்தார்கள். அந்த எண்ணை 1994 ஏப்ரலில், இணையத்தால் கூடிய நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களின் கணினிகள் பிரித்துவிட்டன. அது பெரிய காயமல்ல. எண்ணை நீட்டினால் ஆறிவிடும், ஆறியது. ஆறாத நோயை அதே ஆண்டில் கணிதவியலாளர் பீற்றர் ஷோர் கண்டார்.

அதையும் 55ஐக் கொண்டே பார்க்கலாம். இரண்டின் வலுக்களை 55ஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால் 2, 4, 8, 16, 32, 9, 18 என்று போய், இருபதாம் இடத்தில் 1 வந்து, பிறகு அதே வரிசை திரும்பும். இருபதில் பாதி பத்து; பத்தாம் இடத்தில் நிற்கும் மீதி 34. அதற்கு ஒன்று குறைய 33, ஒன்று கூட 35. 33க்கும் 55க்கும் பொதுக்காரணி 11. 35க்கும் 55க்கும் 5. பூட்டு திறந்துவிட்டது. 617 இலக்க எண்ணில் இந்தச் சுற்று எங்கே திரும்புகிறது என்று தேட எங்கள் கணினிகளுக்குக் காலம் போதாது. குவாண்டம் கணினியிலோ அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் அந்தச் சுற்றின் நீளத்தை வெளியே காட்டிவிடும். 2001இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் இந்த வழியில் 15ஐப் பிரித்தார்கள். 2048 பிற்று எண்ணைப் பிரிக்க கியூபிட் எனப்படும் குவாண்டம் பிற்றுகள் இரண்டு கோடியும் எட்டு மணித்தியாலமும் போதும் என்று ஆய்வாளர்கள் கிட்னியும் எக்கெராவும் 2019இல் கணித்தார்கள். 2025 மேயில் கிட்னியே பத்து இலட்சத்துக்கும் குறைந்த கியூபிட்டுகளால், ஒரு கிழமைக்குள் முடியும் என்றார். 2024 டிசம்பரில் கூகிள் காட்டிய வில்லோ குவாண்டம் சிப்பில் இருந்தவை 105. தூரம் இன்னும் அதிகந்தான், ஆனால் குறைந்துகொண்டு வருகிறது.

வங்கியில் கிடக்கும் காசுக்கு இதனால் ஆபத்தா என்று கேட்பவர்களுக்கு, வங்கி தப்பும் என்பதே என் எண்ணம். பூட்டை மாற்றும் அதிகாரம் உள்ள ஒருவர் அங்கே இருக்கிறார். மாற்றுவதற்கான புதிய நியமங்கள் 2024 ஓகஸ்ற் 13 அன்று வெளிவந்துவிட்டன. பெரும்பாலும் பல பரிமாணச் சட்டகக் கணக்கின் மேல் நிற்கும் அவை உறுதியானவையாகவே தெரிகின்றன, என்றாலும் கொப்பியின் ஒரு பக்கத்தில் எழுதிப் பிள்ளைக்குக் காட்ட முடியாதவை. பிற்கொயின் என்னும் மறைநாணயத்தின் நிலை வேறு. அதைக் காப்பது ஆர்.எஸ்.ஏ. அல்ல, நீள்வளையக் கோடுகளின் மேல் நிற்கும் அதன் இளைய உறவு. ஷோர் கண்ட வழி அந்த உறவையும் வீழ்த்தும். 2009இன் தொடக்கக் காலத்து நாணயங்கள் பலவற்றின் பூட்டாகிய பொதுச்சாவி பதிவேட்டில் எவரும் பார்க்கத் திறந்தே கிடக்கிறது. உரியவர் இறந்திருந்தாலோ சாவியைத் தொலைத்திருந்தாலோ, அவற்றைப் புதிய பூட்டுக்கு மாற்ற யாருமில்லை. உத்தரவிட ஒரு மத்திய வங்கியும் இல்லை. இலங்கை மத்திய வங்கி மறைநாணயங்களைப் பற்றிப் பல தடவை எச்சரித்தது வேறு காரணங்களுக்காக. இந்தக் காரணமும் இனி அவற்றோடு சேர வேண்டும்.

காசைவிட எனக்குத் துயரம் தருவது வேறொன்று. இணைய உரையாடலைக் காக்கும் நியமத்தின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, இரகசியச் சாவியை ஆர்.எஸ்.ஏ.யால் பொதிந்து அனுப்பும் வழக்கத்தை நீக்கிவிட்டது. கையொப்ப வேலை மட்டும் அதற்கு மிஞ்சியது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அப்படிப் பொதிந்து போனவற்றை எவராவது அள்ளிச் சேமித்து வைத்திருந்தால், குவாண்டம் கணினி வரும் நாளில் அவற்றைத் திறந்து வாசிக்கலாம். அந்த ஆண்டுகள் எங்களுடைய எந்த ஆண்டுகள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சம் கேட்டுப் போனவர் தன் வழக்கறிஞருக்கு அனுப்பிய வாக்குமூலமும், காணாமற்போன பிள்ளையைப் பற்றித் தாய் ஓர் அமைப்புக்கு எழுதிய கடிதமும் அந்தக் காவலை நம்பிப் போயிருக்கின்றன. அவற்றில் பெயர் வரும் பலர் உயிரோடு இருக்கிறார்கள், சிலர் இங்கேயே, விடுவிக்கப்பட்ட காணியில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். வங்கிகளுக்குப் பூட்டை மாற்ற 2035 வரை தவணை உண்டு. அனுப்பி முடிந்த கடிதத்துக்குப் புதிய பூட்டுப் போட ஒரு வழியும் இல்லை.