மூடிகளுக்கு முந்தைய அனட்சுய்: ஒரு சிற்பியின் கண்காட்சி வரலாறு

2007 ஜூனில் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சி தொடங்கியபோது, பழைய கப்பல் கட்டும் தளமான ஆர்சனாலேவின் செங்கல் கூடத்தில் இரண்டு பெரிய தொங்கல்கள் வந்தவர்களைத் தடுத்து நிறுத்தின. தொலைவிலிருந்து பார்த்தால் பொன் ஜரிகை ஓடிய துணி. கிட்டே போனால் மதுப் பாட்டில்களின் அலுமினிய மூடிகள். ஒவ்வொரு மூடியையும் தட்டி, வளைத்து, மடித்து, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்திருந்தார்கள். 'துசாசா 1', 'துசாசா 2' என்று பெயர். இரண்டாவது மட்டுமே 6 மீட்டர் உயரம், 7 மீட்டருக்கு மேல் அகலம். கானாவில் பிறந்து நைஜீரியாவில் வாழ்ந்த எல் அனட்சுய் செய்தவை. அப்போது அவருக்கு வயது 63.

அன்றிலிருந்து அவரைப் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது: யாரும் அறியாமல் ஆப்பிரிக்காவின் ஒரு மூலையில் இருந்தவரை, முதுமையின் வாசலில் வெனிஸ் கண்டெடுத்தது என்று. ஆவணங்களைப் புரட்டினால் இந்தக் கதை நிற்காது. அதே வெனிஸ் பினாலேவில் அனட்சுய் 1990இலேயே கலந்துகொண்டிருக்கிறார். அதற்கும் முன்பே பத்து ஆண்டுகளுக்கு மேலாக நைஜீரிய நகரங்களிலும் வெளிநாடுகளிலும் கண்காட்சிகள் நடத்தியிருக்கிறார். அந்த முதல் வருகைக்கும் 2007க்கும் இடையே அவருடைய பொருள் மாறியது உண்மை. கூடவே, ஆப்பிரிக்கக் கலையை எந்த அறையில் வைப்பது என்ற அருங்காட்சியகங்களின் முடிவும் மாறியது. இந்த இரண்டாவது மாற்றத்தைச் சொல்லாமல் அவருடைய கண்காட்சி வரலாற்றை எழுத முடியாது.

அனட்சுய் 1944இல், அன்று கோல்டு கோஸ்ட் என்று பிரிட்டிஷாரால் அழைக்கப்பட்ட நாட்டின் அன்யாகோவில் பிறந்தார். எவே இனத்தவர். தந்தை மீனவர், கென்டே துணி நெய்பவரும்கூட. குமாசி கலைக் கல்லூரியில் 1969இல் பட்டம் பெற்றார். அங்கே பாடத்திட்டம் ஐரோப்பியச் சிற்ப மரபைச் சுற்றியே இருந்தது. படிப்பு முடிந்ததும் அவர் போனது சந்தைக்கு. பெண் வியாபாரிகள் பண்டங்களைப் பரப்பி வைக்கும் வட்ட மரத்தட்டுகளை வாங்கி, சூடேற்றிய இரும்பால் அவற்றின்மேல் அடின்க்ரா மரபுக் குறிகளைச் சுட்டுப் பொறித்தார். ஊரில் கிடைக்கும், மனிதக் கை பட்டுப் பழகிய பொருள்தான் தன் மூலப்பொருள் என்ற முடிவு அப்போதே எடுக்கப்பட்டுவிட்டது.

1975இல் நைஜீரியாவின் என்சுக்கா நகரப் பல்கலைக்கழகத்தில் சிற்ப ஆசிரியராகச் சேர்ந்தார். 1970இல் முடிந்த பயாஃப்ரா உள்நாட்டுப் போரில் சிதைந்து, மறுபடி எழுந்துகொண்டிருந்த வளாகம் அது. ஊச்சே ஒகேகே என்ற ஓவியர் அங்கே, இக்போ பெண்கள் உடலிலும் சுவரிலும் வரையும் ஊலிக் கோலங்களை நவீனக் கலையின் அடிப்படையாக்கும் முயற்சியை நடத்திக்கொண்டிருந்தார். அனட்சுய் வெளியூர்க்காரர். ஆனாலும் அந்தச் சூழலில் மனமொன்றி, 2011 வரை அங்கேயே கற்பித்தார். புகழ்பெற்ற பிறகும் லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ குடிபெயரவில்லை. அவர் தலைமுறையின் ஆப்பிரிக்கக் கலைஞர்களில் பலருக்கு அங்கீகாரத்தின் விலை புலம்பெயர்தலாக இருந்ததை நினைத்தால், இது சிறிய விஷயமல்ல.

1979இல் எனுகு நகரில் 'உடைந்த பானைகள்' என்ற தலைப்பில் அவர் வைத்த சுடுமண் சிற்பக் கண்காட்சி அதிகம் பேசப்படாத ஒன்று. என் பார்வையில் பின்னால் வந்த அனைத்துக்கும் விதை அதுதான். சில்லுகளை ஒட்டி, பிளவுகளை மறைக்காமல் விட்டு, உடைவதை அழிவாகக் கருதாமல் புதிய உருவத்தின் தொடக்கமாக அவர் பார்த்தார். போரைக் கடந்துவந்த ஊரில், ராணுவ ஆட்சி முடியும் தறுவாயில் இருந்த நாட்டில், உடைந்த பானையைக் காட்சிக்கு வைப்பது வெறும் வடிவச் சோதனை ஆகாது.

1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் கம்மிங்டனில் உறைவிடக் கலைஞராகத் தங்கியிருந்தபோது, மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் கைக்கு வந்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் அவருடைய கண்காட்சிகளில் மரமே முதன்மை. வெவ்வேறு மரங்களின் பலகைகளை வரிசையாக நிறுத்தி, ரம்பத்தால் கிழித்து, தீயால் கருக்கி, சில இடங்களில் வண்ணம் பூசினார். ரம்பத்தின் வன்மையை ஆப்பிரிக்காமீது நடந்த காலனியப் பங்கீட்டின் வன்மையாகவே அவர் பார்த்தார். பலகைகள் தனித்தனி என்பதால் அவற்றின் வரிசையை மாற்றி அடுக்கலாம். வாங்கியவரும் மாற்றலாம். காட்சிக்கு வைப்பவரும் மாற்றலாம். பின்னாளில் உலகம் வியந்த 'நிலையான உருவம் இல்லாத சிற்பம்' என்ற எண்ணம் இந்தப் பலகைகளில் முழுதாகவே இருக்கிறது.

1990இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள ஸ்டுடியோ மியூசியம், கிரேஸ் ஸ்டானிஸ்லாஸின் தேர்வில் சமகால ஆப்பிரிக்கக் கலைஞர்களின் கண்காட்சியை நடத்தியது. அதிலிருந்து ஐவர் அந்த ஆண்டே வெனிஸுக்குச் சென்றார்கள். நைஜீரியாவிலிருந்து புரூஸ் ஒனொப்ரக்பேயாவும் அனட்சுயும். ஜிம்பாப்வேயிலிருந்து தப்ஃபுமா குட்சா, நிக்கோலஸ் முகொம்பெரான்வா, ஹென்றி முன்யராட்சி ஆகிய மூவர். கண்காட்சிக்குச் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. இருந்தும் ஐரோப்பியக் கலைச் சந்தை அசையவில்லை. ஐவரும் 'ஆப்பிரிக்கர் ஐவர்' என்ற ஒற்றைத் தொகுப்பாகவே பார்க்கப்பட்டார்கள். ஒருவரின் வேலையை இன்னொருவரின் வேலையிலிருந்து பிரித்துப் படிக்கும் பொறுமை அப்போது பார்வையாளர்களிடமும் இல்லை, விமர்சகர்களிடமும் இல்லை.

தொண்ணூறுகளில் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1992இல் ரியோ புவி உச்சி மாநாட்டையொட்டி பிரேசிலின் மனாஸ் நகரில் 'அரிப்பு' என்ற மரத்தூணைச் செதுக்கினார். மேலிருந்து கீழ்வரை குறிகள் பொறித்த தூண், ரம்பத்தால் சுழன்று சுழன்று கிழிக்கப்பட்டு, வெட்டிய சிதறல்கள் அடியில் குவிந்து கிடக்க நிற்கும். அதே ஆண்டு செய்த 'விசா வரிசை'யில் சின்னஞ்சிறு மர உருவங்கள் நெருக்கியடித்து வரிசையில் நிற்கின்றன. தூதரக வாசலில் விடியற்காலையில் நின்றவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. 1996இல் நியூயார்க்கின் ஸ்கோட்டோ கலைக்கூடம் அவருடைய மரச் சிற்பங்களை அமெரிக்கக் கருத்துருவக் கலைஞர் சால் லெவிட்டின் வேலைகளோடு ஒரே அறையில் வைத்தது. ஆப்பிரிக்கர் தொகுப்பிலிருந்து வெளியே எடுத்து, தனிக் கலைஞராக இன்னொரு தனிக் கலைஞருக்கு எதிரே நிறுத்திய கண்காட்சி. சிறிய கலைக்கூடம், பெரிய துணிச்சல். 1998இல் லண்டன் அக்டோபர் கேலரி அவருக்குத் தனிக் கண்காட்சி அளித்தது.

அதே 1998 வாக்கில்தான் என்சுக்காவுக்கு அருகில், வீசியெறியப்பட்ட ஒரு பை நிறைய மது மூடிகள் அவர் கண்ணில் பட்டன. பட்டறைக்குக் கொண்டுவந்து, சில காலம் அப்படியே வைத்திருந்தார். அந்த நாட்களில் பால் டப்பா மூடிகளையும், துருப்பிடித்த மரவள்ளிக்கிழங்குத் துருவிகளையும் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துருவித் தகடுகளால் எழுப்பிய 'இடியும் சுவர்' 2000ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மூடிகள் வேறு விதம். அவை வண்ணத்தோடு வந்தன. சரித்திரத்தோடும் வந்தன. ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த பண்டமாற்றுப் பொருள்களில் சாராயம் முக்கியமானது. அட்லாண்டிக் கடந்து விற்கப்பட்ட அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்பிலிருந்தே ரம் காய்ச்சப்பட்டது. மூன்று கண்டங்களை இணைத்த அந்த வணிகத்தின் எச்சமாகவே மூடிகளை அனட்சுய் கையாண்டார்.

முதல் மூடித் தொங்கல்களான 'ஆண் துணி', 'பெண் துணி' இரண்டையும் 2002இல் பிரிட்டிஷ் மியூசியம் வாங்கியது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அவை போய்ச் சேர்ந்த இடம் ஆப்பிரிக்கப் பிரிவு. சடங்கு முகமூடிகளுக்கும் பித்தளைப் பலகைகளுக்கும் அண்டை வீடு. ஒரு வகையில் அது பொருத்தமே: நெசவு மரபோடு அவருடைய உறவு அங்கே தெளிவாகத் தெரியும். இன்னொரு வகையில், உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரை இனவரைவியலின் அலமாரியில் வைத்துவிடும் ஆபத்தும் இருந்தது.

அவரைப் பரவலாக அறிமுகப்படுத்திய பெருமை, பெரிய தலைநகரம் எதையும் சேராது. வேல்ஸ் நாட்டின் கடலோரச் சிற்றூரான லாண்டட்னோவில் இருக்கும் ஓரியல் மோஸ்டின் கலைக்கூடம் 2003இல் 'காவு' என்ற கண்காட்சியைத் தொடங்கியது. அது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சுற்றி, அட்லாண்டிக்கைக் கடந்து, 2008இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம் வரை போனது. 2004இல் ஜெர்மனியின் டுஸல்டார்ஃபில் தொடங்கிய 'ஆப்பிரிக்கா ரீமிக்ஸ்' என்ற பெருங்கண்காட்சியிலும் அவர் இடம்பெற்றார். பினாலேவின் இயக்குநர் ராபர்ட் ஸ்டோர் அவரை 2007 வெனிஸுக்கு அழைத்தபோது, நிலம் உழுது பண்பட்டிருந்தது. ஆர்சனாலேவில் இரண்டு தொங்கல்கள். நகரின் மறுபுறம் பலாட்ஸோ ஃபொர்டுனி மாளிகையின் முகப்பில் இன்னொன்று.

பிறகு நடந்ததில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நல்ல சாட்சி. 2007இல் அது வாங்கிய 'பூமிக்கும் சொர்க்கத்துக்கும் இடையே' ஆப்பிரிக்கக் கலைப் பிரிவைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு வாங்கிய 'துசாசா 2' நவீன, சமகாலக் கலைப் பிரிவுக்குப் போனது. ஒரே கலைஞர், ஒரே பொருள், ஒரே கட்டடம், இரண்டு துறைகள். அருங்காட்சியகங்களின் தயக்கம் இதைவிடத் தெளிவாக எங்கும் பதிவாகவில்லை. 2010இல் ஜப்பானில் யுகியா கவாகுச்சி தொகுத்த பின்னோக்குக் கண்காட்சி இந்தக் கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொண்டது. முதலில் ஒசாகாவின் தேசிய இனவியல் அருங்காட்சியகத்திலும், பின்னர் கலை அருங்காட்சியகங்களிலும் அதே படைப்புகள் வைக்கப்பட்டன. அதே ஆண்டு டொராண்டோவில் தொடங்கிய இன்னொரு பின்னோக்குக் கண்காட்சி, மரமும் சுடுமண்ணும் மூடியும் கலந்த நாற்பது ஆண்டு உழைப்பை அமெரிக்கக் கண்டத்துக்குக் காட்டியது.

இங்கே அவருடைய காட்சிமுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொங்கல்கள் பட்டுப்புடவையைப் போல் மடிக்கப்பட்டு, பெட்டியில் பயணம் செய்கின்றன. எப்படித் தொங்கவிடுவது என்ற கட்டளை பெட்டியோடு வருவதில்லை. எங்கே மடிப்பு விழ வேண்டும், எங்கே சரிய வேண்டும் என்பதை அந்தந்த ஊரில் மாட்டுபவர்களே முடிவு செய்யலாம். செய்ய வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆகவே ஒரே படைப்பு அக்ரனில் ஒரு முகமும் புரூக்ளினில் இன்னொரு முகமும் காட்டும். 2012இல் அக்ரன் கலை அருங்காட்சியகத்தில் தொடங்கி 2013இல் புரூக்ளினுக்குப் போன கண்காட்சியில் இது நடந்தது. சிற்பம் என்றால் அசையாதது, ஆசிரியரின் கை வைத்தபடியே நிற்பது என்ற ஐரோப்பிய நம்பிக்கையை, தத்துவம் பேசாமல், மாட்டும் ஏணியின் மேலேயே அவர் மாற்றிக் காட்டினார்.

அளவு கூடிக்கொண்டே போனது. 2012இல் நியூயார்க்கின் ஹைலைன் பூங்காவை ஒட்டிய சுவரில் தகரத்தாலும் கண்ணாடியாலும் ஆன 'உடைந்த பாலம் 2'. 2013இல் லண்டன் ராயல் அகாடமியின் முகப்பை மூடிய தொங்கல். அதற்கு வோலஸ்டன் பரிசு கிடைத்தது. 2015இல் வெனிஸ் பினாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தை வழங்கியது. அந்த ஆண்டு பினாலேவை வழிநடத்தியவர் நைஜீரியாவில் பிறந்த ஒக்வூய் என்வேசர் என்பது தற்செயலல்ல. ஆப்பிரிக்கக் கலையைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஆப்பிரிக்கர் கைக்கும் வந்த பிறகே இந்த வரலாறு முழுமையாக எழுதப்படத் தொடங்கியது.

என்வேசரும் சிக்கா ஒகேகே-அகுலுவும் சேர்ந்து தொகுத்த கண்காட்சி 2019 மார்ச்சில் மியூனிக்கின் ஹவுஸ் டெர் குன்ஸ்டில் தொடங்கியது. ஒகேகே-அகுலு என்சுக்காவில் அனட்சுயிடம் படித்தவர். அந்தக் கட்டடமோ நாஜி ஆட்சி தன் 'தூய ஜெர்மானியக் கலை'யைக் காட்டுவதற்கென்றே கட்டி, 1937இல் திறந்தது. ஏறத்தாழ 110 மீட்டர் நீளமுள்ள அதன் தூண் முகப்பை, பயன்படுத்திய அச்சுத் தகடுகளால் ஆன 'இரண்டாம் அலை' மூடியது. இனத்தூய்மையின் கோயிலாகக் கட்டப்பட்ட இடத்தை ஓர் ஆப்பிரிக்கரின் கைவேலை போர்த்தி நின்ற காட்சி, இந்த நூற்றாண்டின் கண்காட்சி வரலாற்றில் மிகக் கனமான ஒன்று. தொடங்கிய ஒரு வாரத்தில் என்வேசர் காலமானார். கண்காட்சி தோஹாவுக்கும் பெர்னுக்கும் சென்றது.

அதே 2019இல் கானா வெனிஸ் பினாலேவில் முதன்முறையாகத் தன் தேசிய அரங்கை அமைத்தது. ஆறு கலைஞர்களில் அனட்சுய் மூத்த தலைமுறையைச் சேர்ந்தவர். 1990இல் நைஜீரியாவிலிருந்து வந்தவர், 29 ஆண்டு கழித்துப் பிறந்த நாட்டின் பெயரில் அங்கே நின்றார்.

2023 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் ஹாலில் 'சிவப்பு நிலவுக்குப் பின்னால்' திறக்கப்பட்டது. மூன்று பகுதிகள்: காற்றில் உப்பிய பாய்மரம் போன்ற செந்நிறத் தொங்கல், தனித்தனி மனித உருவங்கள் ஒரு கோணத்தில் இணைந்து உலக உருண்டையாகத் தெரியும் நடுப்பகுதி, கடைசியில் கூரையிலிருந்து தரைவரை இறங்கி அலையாகச் சுருளும் கருஞ்சுவர். டேட் நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஹென்றி டேட் சர்க்கரை ஆலை அதிபர். சர்க்கரை, ரம், அடிமைக் கப்பல் என்ற சங்கிலி அந்தக் கட்டடத்தின் பெயரோடும் பிணைந்திருப்பதை அனட்சுய் அறிந்தே அந்தப் பாய்மரத்தை ஏற்றினார்.

இன்று அவரைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் மூடிகளிலிருந்து தொடங்குகிறார்கள். அது சரியல்ல. தட்டு, பானை, பலகை ஆகிய மூன்றையும் தள்ளிவிட்டால் மூடிகள் வெறும் மினுக்கமாகத் தேய்ந்துவிடும். எனுகுவிலும் லாகோஸிலும் என்சுக்காவிலும் எழுபதுகள், எண்பதுகளில் அச்சான மெல்லிய கண்காட்சிக் கையேடுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியை நைஜீரிய, கானா அருங்காட்சியகங்கள் உடனே மேற்கொள்ள வேண்டும். 1979இன் உடைந்த பானைகளை முதல் அறையில் வைத்துத் தொடங்கும் ஒரு பின்னோக்குக் கண்காட்சி, அவர் 36 ஆண்டுகள் கற்பித்த அந்த நாட்டிலேயே, அவர் காலத்திலேயே நடக்க வேண்டும்.