கள்ளுக்கடையை மூடுக: தோட்டத் தொழிலாளரின் ஒரு கோரிக்கையும் அதன் பின்னணியும்



1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் பெரும்பாலானவை இன்று நமக்கு வியப்பளிப்பன அல்ல. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, போதிய மருத்துவ வசதி, பெண்களிடம் மேலாளர் முறைகேடாக நடப்பதற்கு ஒரு முடிவு, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, துரை எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கத்தை நீக்குதல் ஆகியன அவற்றுள் அடங்கும். இவற்றோடு ஒன்றாக இன்னொன்றும் இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதே அது.

இக்கோரிக்கை நம்மை நெடுங்காலமாகச் சிந்திக்க வைத்த ஒன்று. கூலியை உயர்த்துக என்று முதலாளியிடம் கேட்பது இயல்பு. ‘எங்களுக்குக் கள் விற்காதே’ என்று கேட்பது அத்தகையதன்று. குடியை வெறுப்பவன் குடிக்காமல் இருந்துவிடலாமே, கடையை மூடச் சொல்வானேன் என்று அன்றே கேட்டவர்கள் உண்டு; இன்றும் கேட்பவர்கள் உண்டு. அக்கேள்விக்கு விடை காண்பதற்குத் தொழிலும் குடியும் நம் மக்களிடையே எவ்வாறு பிணைந்து கிடந்தன என்பதைச் சற்றுப் பின்சென்று நோக்க வேண்டும்.

சங்க காலத்தில் கடமையும் கள்ளும் ஓரிடத்தில் இருந்தன. வேந்தன் காலையில் அவை கூட்டி இருந்து பாணர்க்கும் புலவர்க்கும் பரிசில் வழங்கிய இருக்கையை ‘நாள்மகிழ் இருக்கை’ என்றே புறநானூறு குறிக்கிறது. மகிழ் என்னும் சொல் ஆங்கே வெறும் உவகையைச் சுட்டுவதன்று; குடியால் விளையும் களிப்பையும் சுட்டுவது. களித்தல் என்னும் வினையும் அத்தகையதே. கள்ளுண்டு மயங்குதலையும் உள்ளம் பூரித்தலையும் அது ஒருசேரக் குறித்தது. நறவு, தேறல், தோப்பி, பிழி, மட்டு என்று கள்ளுக்கு வழங்கிய பெயர்களை எண்ணிப் பார்த்தாலே அச்சமூகம் அதனை இழிபொருளாகக் கருதவில்லை என்பது புலனாகும். ஆநிரை கவர்ந்து மீண்ட மறவர் கள்ளுண்டு மகிழ்வதை ‘உண்டாட்டு’ என ஒரு துறையாகவே வகுத்தார் தொல்காப்பியர். இன்றைய மொழியில் சொன்னால், அது பணி முடித்து வந்தவர்க்குத் தலைவன் அளித்த விருந்து.

ஆயினும் அக்காலத்திலேயே ஒரு வேறுபாடு உணரப்பட்டிருந்தது. மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய கபிலர், காலையிலேயே கள்ளுண்டு களித்திருப்போர்க்குத் தேர் கொடுத்தல் எளிது; காரியோ மயக்கமின்றியே கொடுக்கிறான் எனப் பாராட்டுகிறார். குடியை அவர் பழிக்கவில்லை. செயலை மதிப்பிடும்போது மட்டும் குடியின் பங்கைக் கழித்துவிட்டு மதிப்பிடுகிறார். திருவள்ளுவரிடம் இது முழுக் கண்டனமாகிறது. கள்ளுண்ணாமையை அவர் அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தமை கருதத்தக்கது. கள்ளின்மேல் காதல் கொண்டவனைப் பகைவர் அஞ்சமாட்டார் என்பதே அவ்வதிகாரத்தின் முதற்கருத்து. கள்ளுண்பவன் தன் வினையைச் செய்ய இயலாதவன் ஆகிறான் என்பதே அங்கு முன்னிற்கும் குறை.

இனி மலாயாவுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்தபின் கங்காணிகள் வழியாகவும் தமிழர் இங்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் வந்து சேர்ந்த தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, பின் பால்வெட்டு, வாளியில் பால் சேகரித்து நிறுவைக்குக் கொண்டுபோதல், பிற்பகலில் ஓய்வு. லயம், கோயில், ஆயாக் கொட்டகை, பள்ளி, கடை எல்லாம் தோட்ட எல்லைக்குள்ளேயே அமைந்தன. கள்ளுக்கடையும் அவற்றுள் ஒன்று. அரசு உரிமம் வழங்கியது. தோட்ட நிருவாகம் நடத்தியது.

கள்ளின் இயல்பை அறிந்தால்தான் அக்கடையின் இயல்பும் விளங்கும். தென்னம்பாளையைக் கட்டி, நுனியைச் சீவி, வடியும் நீரைக் கலயத்தில் பிடிப்பர். சுண்ணாம்பு தடவிய கலயமாயின் அது இனிப்பு நீராகவே நிற்கும். தடவாவிடில் சில மணி நேரத்திலேயே பொங்கிப் புளித்துக் கள்ளாகும். மறுநாள் காடியாகும். எனவே இறக்கிய அன்றே விற்றுத் தீர்க்கவேண்டிய சரக்கு அது. தொலைவிலிருந்து கொண்டுவரவும் இயலாது, இருப்பு வைக்கவும் இயலாது. ஆகவே குடிப்பவர் கூட்டம் அருகிலேயே இருத்தல் வேண்டும். பிற்பகலில் வேலை முடிந்து, பக்கத்து லயத்தில் குடியிருக்கும் நூற்றுக்கணக்கான தொழிலாளரைவிட இதற்கு ஏற்ற வாடிக்கையாளர் யார்?

நிருவாகத்தார் கூறிய காரணங்கள் பல. கள் இல்லையேல் தொழிலாளர் சம்சுவை நாடுவர் என்பது அவற்றுள் முதன்மையானது. சீன மொழிவழி வந்த இச்சொல் வடித்த மதுவைக் குறிப்பது; திருட்டுத்தனமாகக் காய்ச்சப்பட்ட சம்சு உயிர்க்கே ஊறு செய்தது என்பதும் உண்மையே. அளவோடு பருகிய கள் உடலுக்கு ஊட்டம் என்று வாதிட்ட மருத்துவரும் இருந்தனர். கடை அருகில் இருந்தால் ஆட்கள் வெளியே அலையமாட்டார்கள் என்னும் எண்ணமும் இருந்தது. கடையின் ஆதாயம் தொழிலாளர் நலனுக்கே, கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுக்குமே செலவிடப்படுகிறது என்றும் சொல்லப்பட்டது. இவ்விறுதிக் காரணத்தைப் படிக்கும்போதெல்லாம் நாம் சற்றே நின்றுவிடுகிறோம். 1920களின் இறுதியில் வளமான தோட்டப் பகுதிகளில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதிலிருந்து கள்ளுக்குப் போன காசு திரும்பித் திருவிழாவாக வந்ததாம்! தன் காசிலேயே தனக்கு நலம் செய்யப்படுகிறது என்பதைத் தொழிலாளி உணராமல் இருந்திருக்க முடியாது.

சங்க காலத்துத் தலைவன் கள்ளை வார்த்துக் கொடுத்தான். தோட்டத்துத் துரை விற்றான். இரண்டிலும் குடித்தவன் பணியாளனே, இடம் பணியிடமே. ஆனால் ஈகை விற்பனையாகியபோது உறவு முற்றிலும் மாறிவிட்டது. கூலியாகக் கொடுத்ததைக் கொடுத்தவனே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது.

அதே தோட்டத்துத் துரையும் மாலையில் குடித்தார். நகரத்துக் கிளப்பில் விஸ்கியும் சோடாவும் சரிபாதி கலந்த ‘ஸ்தெங்கா’ அவருக்குரியது. பாதி என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லின் திரிபு அது. கசப்பு என்னும் பொருளில் ‘பாஹிட்’ என்று அழைக்கப்பட்ட ஜின் கலவையும் உண்டு. ஆட்சியாளர் குடித்த பானங்களுக்கு மலாய்ப் பெயர், ஆளப்பட்டவர் குடித்த கள்ளுக்கு இந்திய மொழிச் சொல்லிலிருந்து ஆங்கிலம் ஆக்கிக்கொண்ட ‘டாடி’ என்னும் பெயர் என்பது மொழியியலார்க்குச் சுவையான செய்தி. துரையின் குடி பழக்கவழக்கமாகவும் தொழிலாளியின் குடி சமூகச் சிக்கலாகவும் எழுதப்பட்டமை சுவையான செய்தியன்று. பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளுக்கு நாள்தோறும் ரம் அளந்து வழங்கும் முறை 1970 ஜூலை 31 வரை நீடித்தது என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும். பணியிடக் குடி என்பதே பேரரசுக்கு ஒவ்வாத ஒன்றாக இருக்கவில்லை.

தமிழரிடையே எதிர்ப்பு எழுந்தது சீர்திருத்தவாதிகளிடமிருந்து. 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்தார். அவருடைய வருகை இங்கிருந்த சீர்திருத்த முயற்சிகளுக்கு ஊக்கமளித்தது. சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கமும் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அம்முயற்சிகளை முன்னெடுத்தன. தாயகத்தில் இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய செய்தியும் கடல்கடந்து வந்தது.

இவ்விடத்தில் சீர்திருத்த இயக்கத்தின்மேல் நமக்குள்ள ஒரு மனக்குறையையும் மறையாமல் சொல்லவேண்டும். மேடைகளில் பேசப்பட்ட மதுவிலக்குப் பேச்சின் எழுவாய் பெரும்பாலும் ‘குடிகாரன்’. குடிகாரன் குடும்பத்தைக் கெடுத்தான், மானத்தை இழந்தான், இனத்துக்கு இழுக்குத் தேடினான். குடி குடியைக் கெடுக்கும் என்னும் வழக்குமொழியில் பானமும் குடும்பமும் ஒரே சொல்லில் அமைந்த அழகு உண்டு. விற்றவனுக்கு அதில் இடமில்லை. பேசியோர் பெரும்பாலும் நகரத்தார், படித்தவர், கடை வைத்திருந்தவர், அலுவலர். கேட்டோர் தோட்டத்தார். நல்லெண்ணம் ஐயத்திற்கு இடமற்றது. ஆயின் வாக்கியத்தின் பழி முழுதும் ஒருவன் தோளிலேயே விழுந்தது.

இப்பின்னணியில் 1941ஆம் ஆண்டுக் கோரிக்கையைத் திரும்பப் படித்தால் அதன் வாக்கிய அமைப்பே வேறாக இருப்பது தெரியும். ‘நாங்கள் இனிக் குடிக்கமாட்டோம்’ என்னும் சூளுரை அன்று அது. ‘நீங்கள் கடையை மூடுங்கள்’ என்பதே அது. குடி என்னும் செயலின் பொறுப்பைக் குடித்தவனிடமிருந்து விற்றவனிடம் அது மாற்றிவைக்கிறது. சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்ற கோரிக்கையின் உடன்பிறப்பாக அது வந்தது தற்செயலன்று. சாலையில் எப்படிச் செல்வது, உறவினரை எங்கே சந்திப்பது, கூலிக் காசை எங்கே செலவிடுவது என்பனவெல்லாம் நிருவாகத்தின் பிடியில் இருந்தன. அப்பிடியைத் தளர்த்துவதே இவற்றின் பொது நோக்கம். குடிக்காதவன் ஏன் கடையை மூடச் சொல்கிறான் என்ற கேள்விக்கு விடையும் இதுவே: வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே முதலாளி கட்டிவைத்த கடையைத் தனி ஒருவன் மனவுறுதியால் ஒவ்வொரு மாலையும் கடந்து செல்லவேண்டும் என்பது நியாயமன்று எனத் தொழிலாளர் கருதினர்.

வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரும் பத்திரிகையாளருமான ஆர். எச். நாதன் 1941 மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். கள்ளுக்கடைகள் திறந்தே இருந்தன. அவ்வாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் படையெடுத்தனர்.

போருக்குப் பின் கெடாவில் இப்போராட்டம் இன்னும் கடுமையான வடிவெடுத்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தலைமையில் இளைஞர்கள் தொண்டர் படையாகத் திரண்டனர். போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவம் இங்கு விதைத்த ஒழுங்கும் தன்மதிப்பும் அவர்களிடம் காணப்பட்டன. கள்ளுக்கடைகளின்முன் மறியல் நடந்தது. 1947இன் முற்பகுதியில் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையினரோடு மோதல் மூண்டு தொழிலாளர் உயிரிழப்பில் முடிந்தது, சாமியும் கைதானார். தொண்டர் படையினர் வற்புறுத்திக் குடியைத் தடுத்தனர், மீறியோரைத் தண்டித்தனர் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. நாம் அதனைப் புறந்தள்ளிவிட முடியாது. கடைக்காரனை நோக்கி எழுந்த கை சிற்சில வேளை அண்டை வீட்டுக்காரனை நோக்கியும் திரும்பியிருக்கக்கூடும். எனினும் கள்ளுக்கடையின்முன் நின்றவர்கள் கிளப்பிலிருந்து வந்த ஒழுக்கக் காவலர் அல்லர். அக்கடையின் வாடிக்கையாளரும் அவர்தம் பிள்ளைகளுமே என்பதை மறத்தல் கூடாது.

பின்னர்க் கள்ளுக்கடைகள் மெல்ல மறைந்தன. போராட்டத்தால் மட்டும் மறைந்தன என்று கூறமாட்டோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரம் பெயர்ந்தனர், மரமேறிகள் அருகினர். கள் போன இடத்தில் மலிவான சம்சு வந்து அமர்ந்தது. நிருவாகத்தார் அன்று கூறிய எச்சரிக்கை அந்த அளவில் பொய்க்கவில்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்றவை அதனை எதிர்த்துப் பரப்புரை செய்யவேண்டியதாயிற்று. வீட்டில் உலை ஏற்றக் காத்திருந்த பெண்களுக்குப் புட்டியின் பெயர் மாறியதால் பயன் ஒன்றும் விளையவில்லை.

சிங்கப்பூரில் 2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் நிகழ்ந்த கலவரம் இவ்வரலாற்றை நமக்கு நினைவூட்டியது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து அது மூண்டது. விசாரணைக் குழு தன் அறிக்கையில் மதுவை ஒரு முக்கியக் காரணியாகச் சுட்டியது. 2015 ஏப்ரல் 1 முதல் இரவு 10.30 மணிக்குமேல் பொது இடங்களில் மது அருந்தத் தடை வந்தது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வாரயிறுதிகளில் கட்டுப்பாடு கூடுதலாயிற்று. பொது அமைதி கருதிய சட்டத்தின் தேவையை நாம் மறுக்கவில்லை. அக்கலவரத்திற்குப் பின் நம்மவர் சிலரே ‘இந்த ஆட்களுக்குக் குடிதான்’ என்று பேசக் கேட்டபோது, எழுவாய் மீண்டும் பழைய இடத்துக்கே போய்விட்டதைக் கண்டோம். வாரம் ஆறு நாள் கட்டுமானத் தளத்தில் உழைத்து ஞாயிறன்று புல்வெளியில் நண்பரோடு அமர்ந்து ஒரு பீர் குடிப்பவரை நாம் ‘இந்த ஆட்கள்’ என்கிறோம். அவர் கட்டித்தந்த கோபுரத்தின் இருபதாம் மாடி அலுவலகத்தில் ஆண்டிறுதி விருந்தின்போது மேலாளர் கையாலேயே ஊற்றப்படும் திராட்சை மதுவுக்கு நம் மொழியில் இன்னும் வசைச்சொல் ஒன்றும் தோன்றவில்லை.