வெறும் 3 அடி தூரம்... ஆனா கை ஒத்துழைக்காது! கோல்ஃப் ஜாம்பவான்களையே கலங்கடித்த 'யிப்ஸ்' என்றால் என்ன? மீள்வது எப்படி?

1991 செப்டம்பர் 29. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கியாவா தீவு. அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் ரைடர் கோப்பை கோல்ஃப் தொடரின் கடைசி நாள், கடைசி ஆட்டம், கடைசி குழி. எதிரே நிற்பது அமெரிக்க வீரர் ஹேல் இர்வின். ஜெர்மனி வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் அடிக்க வேண்டும். பந்துக்கும் குழிக்கும் நடுவே சுமார் 6 அடிதான். உருட்டி உள்ளே தள்ளிவிட்டால் 14-14 என சமன். கோப்பை ஐரோப்பாவிடமே தங்கிவிடும். தவறினால் அமெரிக்காவுக்குப் போய்விடும்.

பந்து குழியின் ஓரமாக நழுவிப் போனது. வேதனையில் வாய் பிளந்து லாங்கர் நின்ற காட்சி, கோல்ஃப் ரசிகர்கள் இன்றும் மறக்காத ஒன்று.

ஆனால் அடுத்த வாரமே சொந்த நாட்டில் நடந்த ஜெர்மன் மாஸ்டர்ஸ் போட்டியில் அவர் பட்டம் வென்றார். அதைவிட ஆச்சரியமான விஷயம் ஒன்று இருக்கு. அந்தக் கைகளுக்கு அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஒரு விசித்திரமான சிக்கல் இருந்தது. அதன் பெயர்தான் 'யிப்ஸ்'.

இது என்ன பிரச்னை? ஏன் வருது? வந்தவர்கள் எப்படி மீண்டார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

யிப்ஸ் என்றால் என்ன?

கோல்ஃபில் பந்தை தூரமாக அடிப்பது ஒரு வேலை. குழிக்கு அருகே, வழவழப்பாக வெட்டிய புல்தரையில் பந்தை மெதுவாக உருட்டி உள்ளே தள்ளுவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்குப் பெயர் 'பட்டிங்'. அதற்கென இருக்கும் மட்டை 'பட்டர்'. குழியின் அகலம் நாலேகால் அங்குலம். பந்தின் அகலத்தைப் போல சுமார் இரண்டரை மடங்கு.

பார்க்க சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 18 குழிகள் கொண்ட மைதானத்தில் வழக்கமான இலக்கு 72 அடிகள். அதில் குழிக்கு 2 வீதம் 36 அடிகள் பட்டிங்கிற்கே ஒதுக்கப்பட்டவை. அதாவது ஆட்டத்தில் சரிபாதி.

இந்த இடத்தில்தான் யிப்ஸ் வந்து உட்காருது. பந்தைத் தொடப்போகும் அந்த நொடியில் மணிக்கட்டு தானாக வெட்டி இழுக்கும். சிலருக்கு கை நடுங்கும். சிலருக்கு கை அப்படியே உறைந்துபோகும், மட்டையை அசைக்கவே முடியாது. பந்து இல்லாமல் வெறும் மட்டையை வீசிப் பார்க்கும்போது பலருக்கு எல்லாம் சரியாக இருக்கும். பந்தை முன்னால் வைத்ததும் கை வேறு யாருடைய கையோ என்பது போல ஆகிவிடும்.

இந்தப் பெயரைப் பிரபலப்படுத்தியவர் ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஆடிய டாமி ஆர்மர். 1927 யுஎஸ் ஓபன், 1931 பிரிட்டிஷ் ஓபன் பட்டங்களை வென்ற அவரையே இந்தப் பிரச்னை விட்டுவைக்கவில்லை.

கத்துக்குட்டிகளுக்கு மட்டும் வருமா?

இல்லை. பல ஆண்டுகள் ஆடித் தேர்ந்தவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. தீவிரமாக கோல்ஃப் ஆடுபவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில், கால் பங்கிலிருந்து ஏறக்குறைய பாதிப் பேர் வரை இந்த அனுபவம் உண்டு எனத் தெரியவந்துள்ளது.

தென் ஆப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் நான்கு மேஜர் பட்டங்கள் வென்றவர். 2016 மாஸ்டர்ஸ் போட்டியின் முதல் நாள், முதல் குழி. பந்து குழியிலிருந்து 2, 3 அடி தூரத்தில்தான் கிடந்தது. அங்கிருந்து பந்தை உள்ளே தள்ள அவருக்கு 6 முயற்சிகள் தேவைப்பட்டன. 4 அடிகளில் முடிக்க வேண்டிய குழியில் அவர் எடுத்தது 9. உலகமே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது.

பட்டிங்கோடு இது நிற்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவின் இயான் பேக்கர்-ஃபின்ச் 1991-ல் பிரிட்டிஷ் ஓபன் சாம்பியன். சில ஆண்டுகளிலேயே அவரால் தொடக்க ஷாட்டை நேராக அடிக்க முடியாமல் போனது. 1997 பிரிட்டிஷ் ஓபனின் முதல் சுற்றில் 92 அடிகள் எடுத்தார். அதோடு அந்தப் போட்டியிலிருந்து விலகினார். பிறகு டிவி வர்ணனையாளராக புது வாழ்க்கையைத் தொடங்கினார்.

டைகர் வுட்ஸும் தப்பவில்லை. 2015 ஜனவரியில் ஃபீனிக்ஸ் ஓபனில், குழிக்கு அருகிலிருந்து பந்தைத் தூக்கிப் போடும் சின்ன ஷாட்டுகளை மாறி மாறி சொதப்பினார். அன்று அவர் எடுத்த 82, அதுவரையிலான அவரது தொழில்முறை வாழ்க்கையின் மோசமான ஸ்கோர். 'டைகருக்கு யிப்ஸா?' என்ற விவாதம் அப்போது பெரிதாக ஓடியது.

ஏன் வருது?

அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் யிப்ஸை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

முதல் வகை, நரம்பு சார்ந்தது. ஒரே அசைவைப் பல்லாயிரம் முறை செய்யும்போது, அந்த அசைவுக்கு மூளை அனுப்பும் கட்டளையில் குளறுபடி ஏற்படுகிறது. தேவையில்லாத தசையும் சேர்ந்து இறுகும். மருத்துவத்தில் இதற்கு 'ஃபோகல் டிஸ்டோனியா' என்று பெயர். நாள் முழுக்க எழுதுபவர்களுக்குப் பேனா பிடித்தால் மட்டும் விரல் மடங்கிப் போவதும், இசைக் கலைஞர்கள் சிலருக்கு வாத்தியத்தைத் தொட்டதும் விரல் சொன்னபடி கேட்காமல் போவதும் இதே குடும்பம்தான். அதே கையால் சாப்பிடலாம், சட்டை பட்டன் போடலாம். அந்த ஒரு வேலை மட்டும் வராது.

இரண்டாவது வகை, பதற்றம் சார்ந்தது. இதைப் புரிந்துகொள்ள ஒரு எளிய உதாரணம். வங்கிக்குப் போகிறீர்கள். 'கையெழுத்து பொருந்தலை, மறுபடி போடுங்க' என்கிறார் ஊழியர். ஆயிரம் முறை யோசிக்காமல் போட்ட கையெழுத்துதான். இப்போது கவனமாகப் போடுகிறீர்கள். ஒவ்வொரு வளைவையும் பார்த்துப் பார்த்து எழுத எழுத, அது இன்னும் மோசமாக வரும். மூன்றாவது முறை உங்களுக்கே அது உங்கள் கையெழுத்து போலத் தெரியாது.

கோல்ஃப் வீரருக்கு நடப்பதும் இதுதான். உடம்பு தானாகச் செய்து பழகிய வேலையை மூளை மேற்பார்வை பார்க்க வந்துவிடுகிறது. உளவியலாளர் சியான் பெய்லாக்கும் அவரது சக ஆய்வாளர்களும் 2000-களில் நடத்திய பட்டிங் சோதனைகளில் இது வெளிப்பட்டது. தங்கள் கை அசைவைக் கவனிக்கச் சொன்னபோது தேர்ந்த வீரர்கள் மோசமாக ஆடினார்கள். சீக்கிரம் அடியுங்கள் என்றபோது நன்றாக ஆடினார்கள். புதியவர்களுக்கு நேர் எதிர்: அவர்களுக்கு நிதானமும் கவனமும்தான் உதவியது.

பலருக்கு இரண்டு வகையும் கலந்தே இருக்கும். கை ஒருமுறை இழுக்கும். மறுபடி இழுக்குமோ என்ற பயம் வரும். அந்தப் பயமே கையை மறுபடி இழுக்க வைக்கும்.

ஒரு பட்டிங் தவறினாலே யிப்ஸா?

கிடையாது. இங்குதான் பலர் குழம்புகிறார்கள். 8 அடி தூரத்தில் உலகின் தலைசிறந்த தொழில்முறை வீரர்களே சுமார் பாதி முறைதான் குழிக்குள் தள்ளுகிறார்கள். லாங்கர் 1991-ல் தவறவிட்டது அதைவிடக் கொஞ்சம் குறைந்த தூரம், யாருக்கும் தவறக்கூடியதுதான்.

இந்திய வீரர் அனிர்பன் லாஹிரிக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 2015-ல் தென் கொரியாவில் நடந்த பிரசிடென்ட்ஸ் கோப்பையின் கடைசி நாள். அமெரிக்காவின் கிறிஸ் கிர்க் தொலைவிலிருந்து பந்தை உள்ளே தள்ளிவிட்டார். லாஹிரிக்கு 4 அடிக்கும் குறைவான தூரம்; தவறியது. அவரது சர்வதேச அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. ஆனால் அந்த ஒரு பந்து அவர் ஆட்டத்தை முடித்துவிடவில்லை. 2022 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் இரண்டாம் இடம் பிடித்தார்.

அன்று ஜெயித்த கிர்க் கதையையும் கேளுங்கள். 2019-ல் மதுப் பழக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை தேவை என வெளிப்படையாக அறிவித்து ஆட்டத்திலிருந்து ஒதுங்கினார். மீண்டு வந்து 2023-ல் ஹோண்டா கிளாசிக் பட்டம் வென்றார். முக்கியமான நேரத்தில் கை நடுங்காதவர் மனதுக்குள் எதுவும் இல்லை என்று வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது.

மீள்வது எப்படி?

யிப்ஸ் வந்தவர் முதலில் செய்வது, அதே அசைவை இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்வது. கெட்டுப்போன பாதையிலேயே திரும்பத் திரும்ப வண்டி ஓட்டுவது போலத்தான் அது. மீண்டவர்கள் பெரும்பாலும் பாதையை மாற்றியவர்கள்.

பிடியை மாற்றுவது: வலது கை ஆட்டக்காரர்கள் வழக்கமாக வலது கையைக் கீழே வைத்து மட்டையைப் பிடிப்பார்கள். அதை மாற்றி இடது கையைக் கீழே கொண்டுவருவது ஒரு வழி. நகம் பதித்தது போல விரல்களால் மட்டும் பிடிக்கும் 'கிளா' பிடி இன்னொரு வழி. புதிய அசைவுக்கு மூளை புதிய கட்டளை எழுத வேண்டும். பழைய குளறுபடி அங்கே இருக்காது.

மட்டையை மாற்றுவது: நீளமான பட்டர் பலருக்கு உதவியது. ஆனால் மட்டையின் முனையை நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றி ஆடுவதற்கு 2016 ஜனவரி 1 முதல் தடை. உடம்பில் ஊன்றாமல் ஆட அனுமதி உண்டு.

பார்வையை மாற்றுவது: பந்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்து அடிப்பது. அமெரிக்காவின் ஜோர்டான் ஸ்பீத் குறைந்த தூர பட்டிங்கில் இப்படி ஆடியிருக்கிறார். பந்தைப் பார்த்தே ஆடுபவர்கள் பார்வையை அலைய விடாமல் ஒரே புள்ளியில் நிறுத்த வேண்டும். கனடா ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் இதை 'அமைதியான கண்' என்கிறார். தேர்ந்த வீரர்கள் அடிப்பதற்கு முன் பந்தின் மேல் பார்வையை நீண்ட நேரம் நிலைநிறுத்துவதை அவர் ஆய்வில் கண்டார்.

ஒரே ஒழுங்கு: ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கையில் மட்டையை அசைத்துப் பார்ப்பது, அதே மூச்சு, உடனே அடிப்பது. யோசிக்க இடைவெளி கொடுக்காமல் இருப்பதுதான் இதன் நோக்கம்.

குழி இல்லாமல் பயிற்சி: குழியையே பார்க்காமல் புல்தரையில் சும்மா உருட்டிப் பழகுவது. உள்ளே போகுமா, போகாதா என்ற கேள்வியே இல்லாதபோது கை இளகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இலக்கைச் சேர்க்கலாம்.

மருந்து உண்டா?

கோல்ஃப் ஆடாத நேரத்திலும் கை நடுங்கினாலோ, எழுதும்போதும் சாப்பிடும்போதும் சிக்கல் இருந்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். ஃபோகல் டிஸ்டோனியாவுக்கு போட்லினம் ஊசி போன்ற சிகிச்சைகள் உள்ளன. அது தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பதற்றத்தைக் குறைக்கும் 'பீட்டா பிளாக்கர்' மாத்திரைகளை நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். கோல்ஃப் போட்டிகளில் அவை ஊக்கமருந்து தடைப் பட்டியலில் இருக்கின்றன.

தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, குடிப்பது அதிகரிப்பது என்று போனால் பிரச்னை மைதானத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். விளையாட்டு உளவியலாளர் அல்லது மனநல மருத்துவரிடம் பேசத் தயங்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416.

மற்ற விளையாட்டுகளில் உண்டா?

உண்டு. ஐந்து முறை உலக சாம்பியனான டார்ட்ஸ் வீரர் எரிக் பிரிஸ்டோவுக்கு, 1980-களின் பிற்பகுதியில் அம்பை விரலிலிருந்து விடவே முடியாமல் போனது. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ், டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தரத்தில் சுழலும்போது உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வை இழந்தார். பெரும்பாலான போட்டிகளிலிருந்து விலகினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 3 தங்கம் வென்றார். விலகியதும் மீள்வதில் ஒரு பகுதிதான்.

லாங்கர் என்ன ஆனார்?

யிப்ஸ் அவருக்கு ஒருமுறை வந்து போன விஷயம் இல்லை. மீண்டார், திரும்ப வந்தது, மீண்டும் மீண்டார். ஒவ்வொரு முறையும் எதையாவது மாற்றினார். 1985-ல் குறைந்த தூர பட்டிங்கிற்கு மட்டும் இடது கையைக் கீழே வைத்து ஆடி மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். பிறகு மட்டையின் பிடியை இடது முன்கையோடு சேர்த்து வலது கையால் இறுக்கிப் பிடிக்கும் விநோதமான முறைக்கு மாறினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். 1993-ல் அதே பிடியோடு இரண்டாவது மாஸ்டர்ஸ் பட்டம். அடுத்து நீளமான பட்டர். ஊன்றி ஆடத் தடை வந்ததும், ஊன்றாமல் ஆடப் பழகினார்.

2023 ஜூலையில், 65 வயதில், மூத்தோருக்கான யுஎஸ் ஓபன் பட்டத்தை வென்றார். மூத்தோர் தொடரில் அது அவரது 46-வது வெற்றி. அதுவரை 45 வெற்றிகளோடு சாதனையில் முதலிடத்தில் இருந்தவர் யார் தெரியுமா? 1991-ல் கியாவா தீவில் அந்த 6 அடி பந்து தவறியபோது எதிரே நின்ற அதே ஹேல் இர்வின்.