பெட்டகமும் குறிப்பேடுகளும்: வங்கியாளர் மாத்தியோலி

அந்தோனியோ கிராம்சியின் சிறைக் குறிப்பேடுகளைத் தமிழ்ச் சிற்றிதழ்களின் வழியே அறிந்துகொண்ட தலைமுறை நம்முடையது. மேலாண்மை, குடிமைச் சமூகம் என்று அவர் கையாண்ட கருத்தாக்கங்களைப் பற்றி இரவெல்லாம் விவாதித்திருக்கிறோம். அந்தக் காகிதங்கள் எப்படிப் பிழைத்தன என்று கேட்டுக்கொண்டவர்கள் நம்மில் குறைவு.

கிராம்சி 1937 ஏப்ரல் 27 அன்று ரோம் நகரின் மருத்துவமனை ஒன்றில் காலமானார். எஞ்சியவை 33 குறிப்பேடுகள். அவற்றைக் காத்தவர் அவருடைய மனைவியின் சகோதரி தாத்தியானா. முசோலினியின் காவல்துறைக்கு எட்டாத இடம் ரோமில் ஏது? இத்தாலிய வணிக வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் அவை வைக்கப்பட்டன என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு (நாள், வழி பற்றிய நுணுக்கங்களில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு). 1938இல் அவை மாஸ்கோ சென்றன. அவ்வங்கியின் தலைமை நிர்வாகி ரஃபயேலே மாத்தியோலி. கிராம்சி சிறையில் நூல்கள் பெறுவதற்காக மிலான் நகரப் புத்தகக் கடையில் கணக்குத் திறந்துவைத்த பொருளியலாளர் பியரோ ஸ்ராஃபாவின் நெருங்கிய நண்பர் அவர்.

மாத்தியோலி 1895இல் அப்ருட்ஸோ பகுதியின் வாஸ்தோ என்ற கடலோர ஊரில் பிறந்தார். முதல் உலகப் போரில் போரிட்டார். பின்பு கவிஞர் தனுன்சியோ ஃபியூமே நகரைக் கைப்பற்றியபோது அங்கேயும் போய்ச் சேர்ந்தார். பொருளியல் பயின்று 1925இல் வங்கிக்குள் நுழைந்தார். 1933இல், 38 வயதில், அதன் தலைமை நிர்வாகியானார்.

அவர் பொறுப்பேற்ற வேளையைச் சற்று விளக்கியாக வேண்டும். 1894இல் மிலானில் தொடங்கப்பட்ட அவ்வங்கி, மக்களின் வைப்புத்தொகையை ஆலைகளுக்குக் கடனாகத் தந்ததோடு நில்லாமல் அந்த ஆலைகளின் பங்குகளையும் வாங்கிக் குவித்திருந்தது. பங்குவிலை சரியாமலிருக்கத் தன் பங்குகளையே மறைமுகமாகத் தானே வாங்கியது. கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே ஆளானால் கணக்கை யார் கேட்பது? 1929க்குப் பிந்தைய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் இக்கட்டடம் ஆட்டங்கண்டது. 1933இல் அரசு ‘இரி’ எனும் நிறுவனத்தை உருவாக்கி வங்கியையும் அதன் ஆலைப் பங்குகளையும் தன்வசமாக்கிற்று. வங்கித் தொழிலையும் ஆலை உடைமையையும் பிரித்த 1936ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நெருக்கடியின் விளைவே. மாத்தியோலி அந்தப் பிரிவினையை மனப்பூர்வமாக ஏற்றவர்.

ஆக, அவர் அமர்ந்திருந்தது பாசிச அரசுக்குச் சொந்தமான நாற்காலி. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. அவர் பதவி விலகவில்லை. மேடையேறிக் கண்டனம் முழங்கவுமில்லை. ஆனால் அவருடைய வங்கியின் ஆய்வுப் பிரிவில் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். உகோ லா மால்ஃபா அங்கே ஊதியம் பெற்றார். 1942இல் பாசிச எதிர்ப்பைக் கொள்கையாகக் கொண்ட செயல் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவரான அவர், மறு ஆண்டு கைதுக்குத் தப்பி சுவிட்சர்லாந்து சென்றார். அப்பிரிவின் தலைவர் அந்தோனெல்லோ ஜெர்பி யூதர். 1938இல், இனச் சட்டங்கள் வந்த அதே ஆண்டில், மாத்தியோலி அவரைப் பெரு நாட்டின் லிமாவுக்குப் பணிக்கு அனுப்பிவைத்தார். அமெரிக்கக் கண்டத்தின் விலங்கும் மனிதரும் தாழ்ந்தவை என்று எழுதிய ஐரோப்பிய அறிஞர்களைப் பற்றி ஜெர்பி 1955இல் வெளியிட்ட பெருநூல், அந்த இடமாற்றம் விதைத்த பயிர் எனலாம். பணியிட மாற்ற ஆணை ஒன்று கருத்து வரலாற்றுக்கு இவ்வளவு நன்மை செய்தது அரிது!

அதே 1938இல் அவர் ரிச்சார்தி பதிப்பகத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1951 முதல் இத்தாலிய இலக்கியத்தின் தொடக்கந்தொட்டு வந்த நூல்களை, மூலபாட ஆய்வோடும் விரிவான குறிப்புகளோடும், வரிசையாக வெளியிட்டது அப்பதிப்பகம். முதல் தொகுதி தத்துவவாதி பெனெதெத்தோ குரோச்சே தம் எழுத்துகளிலிருந்து தாமே தேர்ந்தெடுத்தது. 1946இல் நேப்பிள்ஸில் குரோச்சே நிறுவிய வரலாற்றாய்வு நிறுவனத்துக்கும் மாத்தியோலி துணைநின்றார். குரோச்சேயின் தாராளவாதத்தைக் குறிப்பேடுகளில் கடுமையாக விமர்சித்தவர் கிராம்சி. இருவருடைய தாள்களும் ஒரே மனிதரின் அக்கறைக்கு உரியவையாயின. கொள்கைப் பிடிவாதம் உள்ள நமக்கு இது சற்றே உறுத்தலாம், நமக்கும் உறுத்தியது.

போருக்குப் பின் ஆலைகளுக்கு நடுத்தரக் காலக் கடன் தருவதற்காக 1946இல் மெடியோபாங்கா தோன்றியதில் அவர் பங்கு பெரிது. அதை நடத்திய என்ரிகோ குச்சியா பின்னாளில் இத்தாலிய முதலாளிகளின் பின்னணிச் சூத்திரதாரியாக வளர்ந்தது தனிக் கதை.

1960இல் வங்கியின் தலைவரான மாத்தியோலி 1972 வரை அப்பதவியில் நீடித்தார். மறு ஆண்டு ஜூலையில் ரோமில் மறைந்தார். உடல் மிலானுக்கு அருகிலுள்ள கியாரவாலே மடத்தின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் குலியெல்மா என்ற பெண் புதைக்கப்பட்டதும் அந்த இடுகாட்டில்தான். அவளைப் புனிதராகப் போற்றியோரைச் சமய விசாரணை மன்றம் 1300இல் தண்டித்தது. அவளுடைய எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தது.